வெளிநாட்டு வேலை அனுமதி: நம்ம பசங்க அதிகம் மாட்டிக்கொள்ளும் இடங்கள்

மணலி ரிஃபைனரியில் ஷட்டவுன் வேலை பார்த்து வெல்டிங் கற்றவர், எண்ணூர் அனல்மின் நிலையத்தில் ஒப்பந்த ஃபிட்டராக இருந்தவர், திருவொற்றியூர் பட்டறையில் லேத் ஓட்டியவர் என்று வட சென்னையில் தெருவுக்கு நாலு பேராவது வளைகுடாவுக்கோ சிங்கப்பூருக்கோ போகப் பார்க்கிறார்கள். தொழில் தெரியாமல் யாரும் திரும்பி வருவதில்லை. காகிதத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். அதுவும் பெரும்பாலும், அந்தக் காகிதம் தன் கைக்கு வருவதற்கு முன்பே பணத்தைக் கட்டிவிடுவதால்.

வேலை அனுமதி என்பது நமக்காக நாமே வாங்குவது கிடையாது. அந்த நாட்டில் உள்ள முதலாளி அந்த நாட்டு அரசிடம் விண்ணப்பித்து, நம் பெயருக்கு, ஒரு குறிப்பிட்ட வேலைக்கு வாங்கித் தருவது. ஆகவே யாராவது ‘விசா இருக்கு தம்பி, எடுத்துக்கிறியா?’ என்று கேட்டால், ‘எந்தக் கம்பெனி பெயர்லண்ணா? என்ன வேலை போட்டிருக்கு?’ என்று திருப்பிக் கேளுங்கள். ‘ஃப்ரீ விசா, போனதும் எங்க வேணா வேலை செய்யலாம்’ என்று பதில் வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அப்படி ஒரு விசா எந்த வளைகுடா நாட்டுச் சட்டத்திலும் இல்லை. யாரோ ஒருவர் பெயரில் விசா எடுத்துக்கொண்டு வேறு இடத்தில் வேலை செய்வதற்குத்தான் அந்தப் பெயர். பிடிபட்டால் அபராதமும் நாடு கடத்தலும் நமக்குத்தான்.

பணம் கட்டுவதில் நடக்கும் தவறு

மண்ணடியிலும் பாரிமுனையிலும் போர்டு மாட்டிய ஆபீஸ்கள் நிறைய. ஒழுங்காக நடத்துபவர்களும் உண்டு. யார் யார் என்று பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. ஆள் அனுப்பும் ஏஜென்ட் ஒவ்வொருவரும் 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி மத்திய அரசிடம் பதிவு செய்து உரிமம் வைத்திருக்க வேண்டும். வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைகிரேட் தளத்தில் உரிமம் உள்ளவர்கள் பட்டியல், காலாவதியானவர்கள் பட்டியல் இரண்டுமே இருக்கின்றன. உரிம எண்ணைக் கேட்டு வாங்கி, அங்கே போட்டுப் பாருங்கள். பெரிய ஏஜென்டுக்கு ‘ஆள் பிடித்துத் தரும்’ சப்-ஏஜென்டுக்கு இந்தச் சட்டத்தில் இடமே கிடையாது. ஆனால் தண்டையார்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ முதலில் வீட்டுக்கு வந்து பேசுபவர் பெரும்பாலும் அவர்தான்.

சேவைக் கட்டணமாக ஏஜென்ட் வாங்கக்கூடிய உச்சவரம்பு 30,000 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 35,400. அதற்கு ரசீது கொடுத்தாக வேண்டும். ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் என்று கேட்கும்போது அம்மா நகையை அடகு வைக்கக் கிளம்புகிறாரே, அந்த இடத்தில் வீட்டில் ஒருவராவது இந்தக் கணக்கைச் சொல்ல வேண்டும். அமீரகத்தின் 2021ஆம் ஆண்டு தொழிலாளர் சட்டம், ஆள் எடுக்கும் செலவைத் தொழிலாளியிடம் வாங்கவே கூடாது என்கிறது. சிங்கப்பூரில் வொர்க் பெர்மிட்டுக்கான மாதாந்திர வரியும் (லெவி), 5,000 டாலர் பிணைத்தொகையும் முதலாளியின் பொறுப்பு. ‘லெவி காசு கட்டணும்’ என்று உங்களிடம் கேட்பது சட்டத்துக்குப் புறம்பானது.

பெயர்

தமிழ்நாட்டுக்காரர்களுக்கென்றே உள்ள தொல்லை இது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் ‘எம். தினேஷ்’ என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுதியாக வேண்டும் என்பதால் அப்பா பெயர் மதியழகன் குடும்பப் பெயர் கட்டத்தில் போய் உட்காரும். ஐடிஐ சான்றிதழில் தினேஷ் குமார் என்று யாரோ தட்டியிருப்பார்கள். காண்ட்ராக்டர் கொடுத்த அனுபவக் கடிதத்தில் வெறும் தினேஷ். நம் கண்ணுக்கு எல்லாம் ஒரே ஆள்தான். ரியாத்தில் உட்கார்ந்து விண்ணப்பத்தைப் பார்ப்பவருக்கு நாலு ஆள். போதாக்குறைக்கு ஆங்கில எழுத்து வேறு: மதியழகனில் வரும் ‘ழ’வுக்கு ஒரு சான்றிதழில் இசட்-எச், இன்னொன்றில் வெறும் எல்.

வேலை பேசி முடித்த பிறகு இதைச் சரிசெய்யக் கிளம்புவதுதான் தவறு. பாஸ்போர்ட்டில் எழுத்துப்பிழை இருந்தால் திருத்தி மறுவெளியீடு வாங்கவும், பெயரையே மாற்றுவதென்றால் அரசிதழில் வெளியிடவும் நாளாகும். அதற்குள் முதலாளி வேறு ஆளைப் பார்த்துவிடுவார். வெளியூர் போகும் எண்ணம் இருக்கிறதா, இப்போதே எல்லாச் சான்றிதழையும் பாஸ்போர்ட்டுக்குப் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருப்பதும் சிக்கல்தான். 2022 நவம்பரில் அமீரகம், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டில் விசிட் விசாவுக்கு அனுமதி இல்லை என்று அறிவித்தது.

பாஸ்போர்ட்டை எடுத்தது எடுத்தீர்கள், ஈசிஆர் (குடிபெயர்வுச் சோதனை தேவை) முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். பத்தாம் வகுப்பு தேறாதவர்களுக்கு அது இருக்கும். அவர்கள் வளைகுடா நாடுகள், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி வேண்டும். சிங்கப்பூர் அந்தப் பட்டியலில் இல்லை. பத்தாவது தேறியும் சான்றிதழைக் காட்டாததால் ஈசிஆருடனே சுற்றுபவர்கள் பலர். மதிப்பெண் பட்டியலைக் கொடுத்து அதை நீக்கிக்கொள்ளலாம். ஆனால் தேறாதவர்கள் இந்த அனுமதியைத் தலைவலி என்று நினைத்துத் தாண்டிப் போகப் பார்க்காதீர்கள். முதலாளி யார், சம்பளம் எவ்வளவு என்பது நம் அரசின் பதிவேட்டில் ஏறுவது இந்த வழியில்தான். கூடவே 10 லட்சம் ரூபாய்க்கு விபத்துக் காப்பீடும் வரும். பிரீமியம் இரண்டு வருடத்துக்கு 275, மூன்று வருடத்துக்கு 375 ரூபாய், வரி தனி.

வேலையின் பெயரும் சம்பளமும்

வெல்டர் என்று பேசி, விசாவில் ‘சுமை ஏற்றி இறக்குபவர்’ என்று போட்டு அனுப்புவது சகஜமாகிவிட்டது. ‘அது சும்மா பேருக்குதான், போனதும் வெல்டிங்தான்’ என்பார்கள். பேருக்கு இல்லை. சவுதியில் இகாமாவில் (அங்கே தரும் குடியிருப்பு அட்டை) உள்ள தொழிலைத் தவிர வேறு தொழில் செய்யக் கூடாது. வெல்டர், எலக்ட்ரீஷியன், பிளம்பர் போன்ற பல வேலைகளுக்கு விசாவுக்கு முன்பே இந்தியாவில் திறன் தேர்வும் வைக்கிறார்கள். அந்தத் தேர்விலிருந்து தப்பிக்கத்தான் பல ஏஜென்டுகள் சுமை தூக்குபவர் என்று போடுகிறார்கள். அடிபட்டால் இழப்பீடு கேட்கும்போதும் காகிதத்தில் உள்ள வேலையையும் சம்பளத்தையும்தான் பார்ப்பார்கள்.

சிங்கப்பூருக்குப் போகிறவர்கள் ஐபிஏ கடிதத்தை, அதாவது வொர்க் பெர்மிட்டுக்கான கொள்கையளவு ஒப்புதலை, வாட்ஸப்பில் முதல் பக்கம் மட்டும் பார்த்துவிட்டுத் திருப்தி அடைந்துவிடுகிறார்கள். முழுக் கடிதத்தையும் கேளுங்கள். தமிழிலேயே தர வேண்டும் என்பது அந்நாட்டு விதி. அதில் அடிப்படைச் சம்பளம் ஒரு வரி, அலவன்ஸ் ஒரு வரி, பிடித்தம் ஒரு வரி என்று தனித்தனியாக இருக்கும். பிடித்தம் என்ற வரியை விரல் வைத்துப் படியுங்கள். ஓவர்டைம் கணக்கு அடிப்படைச் சம்பளத்தில்தான் என்பதால், அலவன்ஸைக் கூட்டி மொத்தத்தைப் பெரிதாகக் காட்டியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். கடிதம் உண்மையா என்பதை சிங்கப்பூர் மனிதவள அமைச்சகத்தின் தளத்தில் சரிபார்க்கலாம், காசு கிடையாது. அமீரக ஆஃபர் லெட்டரும் தமிழில் கிடைக்கும். புரியாத மொழியில் கையெழுத்துப் போட அவசியமே இல்லை.

மெடிக்கல், சான்றளிப்பு

வளைகுடா மெடிக்கலை, அதற்கென்றே உள்ள வாஃபித் இணையதளத்தில் பதிவுசெய்து, அது காட்டும் மையத்தில்தான் எடுக்க வேண்டும். கத்தாருக்கு வழியே வேறு: சென்னையிலேயே கத்தார் விசா மையம் இருக்கிறது, மெடிக்கல், கைரேகை, ஒப்பந்தக் கையெழுத்து எல்லாம் அங்கேயே முடியும், செலவு முதலாளியுடையது. எப்போதோ காசநோய் வந்து குணமாகியிருந்தாலும் நெஞ்சு எக்ஸ்ரேயில் தழும்பு தெரிந்து ‘அன்ஃபிட்’ ஆகக்கூடும். ஆகவே இருக்கிற வேலையை விடுவதும் கடன் வாங்குவதும் மெடிக்கல் முடிவு வந்த பிறகு இருக்கட்டும்.

சான்றிதழ்களுக்கு அப்போஸ்டில் (நம் வெளியுறவு அமைச்சகம் தரும் சான்று முத்திரை) அடித்தால் எல்லா நாட்டுக்கும் செல்லும் என்று நினைக்க வேண்டாம். சவுதி, ஓமன், பஹ்ரைன், சிங்கப்பூர் அதை ஏற்கும். அமீரகம், குவைத், கத்தாருக்குத் தூதரகச் சான்றொப்பம் வேண்டும்.

விசிட் விசாவில் போய் மாற்றிக்கொள்வது

இதைப் பற்றி எனக்குக் கோபமே வருகிறது. விசிட் விசாவில் ஒரு நாள் வேலை செய்தாலும் அமீரகத்தில் குற்றம். ஆள் வைத்த முதலாளிக்கு 2024 முதல் 1 லட்சம் திர்ஹாமிலிருந்து 10 லட்சம் வரை அபராதம் உண்டு. அதனால் சோதனை வந்தால் முதலாளி ‘இவர் யாரென்றே தெரியாது’ என்பார். சம்பள பாக்கி கேட்கவும் காகிதம் இருக்காது.

அதைவிட மோசம், தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை என்று டூரிஸ்ட் விசாவில் கூட்டிப் போவது. அப்படி மியான்மரின் மியாவடியில் ஆன்லைன் மோசடிக் கூடங்களில் அடைபட்ட தமிழ் இளைஞர்கள் 2022இல் மீட்கப்பட்டுச் சென்னை வந்தார்கள். தட்டச்சு தெரிந்தாலே பெரிய சம்பளம், டிக்கெட் இலவசம், ஃபோனிலேயே இன்டர்வியூ என்றால், தயவுசெய்து போகாதீர்கள். நேர்மையான வழி வேண்டுமென்றால் 1978 முதல் இயங்கும் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் பதிவு செய்து வைக்கலாம்.

சரி, ஏற்கெனவே பணம் கட்டி ஏமாந்தவர்கள்? சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்திலும், வேப்பேரி காவல் ஆணையர் அலுவலகத்தில் மத்திய குற்றப்பிரிவிலும் புகார் கொடுக்கலாம். அங்கே முதலில் கேட்பது பணம் கொடுத்ததற்கான ஆதாரம். அதனால் கையில் ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியாகவோ ஜிபே வழியாகவோ அனுப்புங்கள். ஏஜென்ட் பேசிய வாய்ஸ் மெசேஜ்களை அழிக்காதீர்கள். பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம் மூன்றின் நகலும் வீட்டில் ஒரு கவரில் இருக்கட்டும்.