உப்புக்காற்றில் நிற்கும் இரும்பு கேட், வெயிலில் நிற்கும் மரக்கதவு: நாமே பெயிண்ட் அடிப்பது எப்படி?

சென்னையில் கடற்கரைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு இது பழகிய கதை. மொட்டை மாடிக் கொடிக்கம்பி, ஏசி வெளிப்பெட்டி, ஜன்னல் கிரில் எல்லாமே இரண்டு வருஷத்தில் பத்து வருஷக் கிழடு தட்டிவிடும். நாங்கள் இங்கே குடிவந்த புதிதில் கேட்டுக்கு நானே பெயிண்ட் அடித்தேன். சனிக்கிழமை காலை டிபன் முடித்து பிரஷ்ஷை எடுத்தவன் மதியச் சாப்பாட்டுக்குள் வேலையை முடித்துவிட்டேன். கறுப்பு எனாமல், பளபளவென்று இருந்தது. ஐப்பசி மழையில் அடிச்சட்டத்திலிருந்து பழுப்பாக ஒழுக ஆரம்பித்தது. கார்த்திகையில் விரலால் சுண்டினாலே செதில் செதிலாகக் கொட்டியது.

எதிர் வீட்டு வேலைக்கு வந்திருந்த பெயிண்டர் அண்ணனிடம், பெயிண்ட் சரியில்லை என்று புலம்பினேன். அவர் கேட்டுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தார். "தம்பி, நல்லாப் பாருங்க. தகடு நடுவுல துரு இருக்கா? இல்ல. ஓரம், வெல்டிங் வச்ச இடம், அடிப்பக்கம், இங்கதான் போயிருக்கு. பெயிண்ட் மேல தப்பில்ல. நின்னுக்கிட்டுப் பார்த்தா தெரியற இடத்துக்கு மட்டும் அடிச்சிருக்கீங்க."

அதற்குப் பிறகு நான் கேட்டையும் கதவையும் அடியிலிருந்துதான் பார்க்கிறேன். கீழே வரும் செய்முறையும் அந்தக் கோணத்தில்தான் இருக்கும்.

எப்போது அடிப்பது

பொங்கலுக்கு வெள்ளையடிக்கிற பழக்கத்தால் மார்கழியில் எல்லோரும் பெயிண்டரைத் தேடுவோம். சுவருக்குச் சரி. வெளியில் நிற்கும் இரும்புக்கும் மரத்துக்கும் மார்கழி உதவாது, பனி இறங்கும். சாயங்காலம் அடித்த எனாமல் காய்வதற்குள் பனி பட்டால் காலையில் பளபளப்பு போய் மங்கிக் கிடக்கும். மாசி, பங்குனி நல்ல மாதங்கள். காலை ஒன்பது, பத்து மணிக்கு ஈரம் உலர்ந்ததும் ஆரம்பித்து மூன்று மணிக்குள் பிரஷ்ஷைக் கழுவிவிடுங்கள். உச்சி வெயிலில் சுடுகிற தகட்டில் அடிக்காதீர்கள். மேல்தோல் உடனே காய்ந்து, உள்ளே ஈரம் மாட்டி, கொப்புளம் வரும். உள்ளங்கையை வைத்து எடுக்க முடியாத அளவுக்குச் சூடு இருந்தால் நிழல் வரும்வரை காத்திருங்கள்.

கடையில் என்ன கேட்பது

வீட்டு கேட்டுக்குப் பொதுவாக இரண்டு வழி. ஒன்று, பிரைமர் என்ற அடிப்பூச்சுக்கு மேல் சிந்தெடிக் எனாமல். விலை குறைவு, ஒரே டப்பா, பிரஷ்ஷில் வழுக்கிக்கொண்டு போகும். முதல் முறை அடிப்பவர்களுக்கு இதுதான். இன்னொன்று, எபாக்ஸி பிரைமருக்கு மேல் பியூ (பாலியூரிதேன்) பெயிண்ட். ஒவ்வொன்றும் பெயிண்ட் தனி, அதை இறுக வைக்கும் ஹார்டனர் தனி என்று இரண்டு டப்பாவாக வரும், கலந்த சில மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். எனாமலைவிட நிறைய நாள் உழைக்கும். ஆனால் பழைய எனாமல் மேல் எபாக்ஸி அடித்தால் அதில் உள்ள தின்னர் கீழிருப்பதைச் சுருட்டிக் கிளப்பிவிடும், அதனால் முழு கேட்டையும் வெறும் இரும்பு தெரிகிறவரை சுரண்ட வேண்டும். பியூ ஹார்டனரின் ஆவியும் சுவாசத்துக்குக் கெடுதல், துணி மாஸ்க் அதைத் தடுக்காது. புது கேட் என்றால் யோசிக்கலாம், அதுவும் தெரிந்தவர் கையால். எபாக்ஸியை மட்டும் அடித்து நிறுத்தவும் கூடாது, வெயில் பட்டால் மாவு பூத்துவிடும்.

(பாம்பனில் 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலத்துக்குப் பாலிசிலாக்ஸேன் என்ற பூச்சு அடித்திருக்கிறார்கள். கடலுக்கு நடுவே நிற்கிற பாலத்துக்கு அது வேண்டும். நம் கேட்டுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.)

பிரைமர் என்றதும் கடைக்காரர் ரெட் ஆக்சைடு டப்பாவை எடுத்து வைப்பார். கடலிலிருந்து தள்ளியிருக்கும் ஊர்களுக்குப் பரவாயில்லை. கடலோரத்துக்கு ஜிங்க் பாஸ்பேட் பிரைமர் என்று கேட்டு வாங்குங்கள். ஜிங்க் குரோமேட் என்று மஞ்சளாக ஒன்று இருக்கும், துருவை நன்றாகவே தடுக்கும், ஆனால் அந்தக் குரோமேட் புற்றுநோய் வரவழைக்கக் கூடியது. வீட்டு வேலைக்கு வேண்டாம்.

உங்கள் கேட் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பா, சாதா இரும்பா என்று முதலில் பாருங்கள். ஜிஐ மேல் பூசிய துத்தநாகத்தோடு எனாமலில் உள்ள எண்ணெய் சேர்ந்து சோப்பு மாதிரி ஆகிவிடும். பெயிண்ட் பிளாஸ்டிக் காகிதம் போலத் தோலாக உரிந்து வரும். ஜிஐக்கு என்றே எட்ச் பிரைமர் கிடைக்கிறது, அதை முதலில் அடிக்க வேண்டும்.

அளவு: மட்டமான பரப்பில் ஒரு லிட்டர் எனாமல் ஒரு கோட்டிங்குக்கு 100 முதல் 120 சதுர அடி வரை வரும். 10 அடி அகலம், 5 அடி உயரத் தகடு கேட்டுக்கு இரண்டு பக்கமும் சேர்த்து 100 சதுர அடி. பிரைமர் இரண்டு கோட்டிங், பெயிண்ட் இரண்டு கோட்டிங் என்றால் ஒவ்வொன்றிலும் 2 லிட்டர். கலக்க மினரல் டர்பன்டைன். மண்ணெண்ணெய் கலக்கிற பழக்கம் சிலரிடம் இருக்கிறது, அது சரியாகக் காயவிடாது.

இரும்பு: முதலில் கழுவுங்கள்

நேராக உப்புத்தாளை எடுப்பதுதான் எல்லோரும் செய்கிற தப்பு, நானும் செய்தேன். கேட் மேல் கடல் உப்பு படிந்திருக்கும். அதைக் கழுவாமல் தேய்த்தால் உப்பு இரும்பின் குழிகளுக்குள் இறங்கிவிடும். அதற்கு மேல் எவ்வளவு நல்ல பெயிண்ட் அடித்தாலும் உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டு அடியிலிருந்தே துருவைக் கிளப்பும்.

சோப்புத் தூள் கரைத்த தண்ணீரில் தேய்த்து, நல்ல தண்ணீர் விட்டு அலசுங்கள். நல்ல தண்ணீர் என்றால் குடிக்கிற தண்ணீர். கடலோரத்தில் போர் தண்ணீரே கரிக்கும், அதில் கழுவினால் உப்பை உப்பால் கழுவுவதுதான். இரண்டு குடம் மெட்ரோ தண்ணீர் செலவானால் ஆகட்டும்.

அப்புறம் சுரண்டல். தூக்கிக்கொண்டு நிற்கும் பெயிண்டைப் பட்டித் தகட்டால் எடுத்துவிட்டு, துருவை வயர் பிரஷ்ஷால் தேய்த்து, 80ஆம் நம்பர் எமரியால் இழுங்கள். கெட்டியாக ஒட்டியிருக்கும் பழைய பெயிண்டை உரிக்க வேண்டியதில்லை, அதன் பளபளப்பு சாகும்வரை 180ஆம் நம்பரில் தேய்த்தால் போதும். வீட்டு பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பெயிண்டில் ஈயம் இருக்கலாம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பாமல், வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத் தேய்க்கவும். குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள், விழுந்த செதிலைக் கூட்டிக் கட்டிப் போடுங்கள்.

தேய்த்து முடித்ததும் மறுபடி நல்ல தண்ணீரில் அலசி, துணியால் ஒற்றி, வெயிலில் உலரவிட்டு, டர்பன்டைன் தொட்ட துணியால் ஒரு முறை துடைத்து, அன்றைக்கே பிரைமர் அடித்துவிட வேண்டும். வெறும் இரும்பை இரவு முழுக்க விட்டால் காலையில் செம்மஞ்சளாகத் துரு பூத்திருக்கும்.

ஓரத்துக்கு ஒரு கை கூடுதல்

இந்த இடத்தில்தான் நிதானம் வேண்டும். காய்ந்த பிறகு ஒரு கோட்டிங் 25, 30 மைக்ரான்தான் இருக்கும். நான்கு கோட்டிங் சேர்ந்தாலும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. அதுவும் மட்டமான இடத்தில். கூரான ஓரத்தில் ஈர பெயிண்ட் நிற்காமல் இரண்டு பக்கமும் விலகிப் போய்விடும், அங்கே தங்குவது ஒரு சவ்வு மட்டும்தான். எனவே ஆங்கிளின் கூர் ஓரங்களை அரத்தால் லேசாக மழுக்குங்கள். பிறகு ஒரு இன்ச் பிரஷ் எடுத்து, ஓரம், வெல்டிங் மேடு, கம்பி சட்டத்தில் சேரும் மூலை, கீல், கொண்டி, அடிச்சட்டத்தின் அடிமுகம் ஆகிய இடங்களுக்கு மட்டும் பிரைமரைக் குத்திக் குத்தி ஏற்றுங்கள். அது காய்ந்த பிறகு முழு கேட்டுக்கும் பொதுவாக இரண்டு கோட்டிங்.

அடிமுகம் எப்படி அடிப்பது? கழற்ற முடிந்த கேட்டைக் கழற்றி இரண்டு செங்கல் மேல் படுக்க வையுங்கள். முடியாதென்றால் சாக்கை விரித்துப் படுத்து அடிக்க வேண்டியதுதான். நான் அப்படித்தான் அடித்தேன், சட்டை போயிற்று.

பிரைமர் ஒரு இரவு காயட்டும். ஆனால் பிரைமரோடு வாரக்கணக்கில் விட்டுவிடாதீர்கள், மழையையும் வெயிலையும் தாங்குவதற்காகச் செய்ததில்லை அது. 320ஆம் நம்பரால் மேலாகத் தடவி, தூசி துடைத்து, எனாமல் முதல் கோட்டிங். மெல்லிசாக இழுங்கள். எனாமல் காற்றை வாங்கித்தான் காய்கிறது. கனமாக அடித்தால் மேலே மட்டும் தோல் கட்டி, உள்ளே வெந்தும் வேகாமலும் இருக்கும், கொஞ்ச நாளில் சுருக்கம் விழும். இரண்டாவது கோட்டிங் மறுநாள். எனாமலிலும் ஓரங்களை முதலில்.

மரக்கதவு

கதவை வெளியில் காட்டும்போது எல்லோருக்கும் மரத்தின் ரேகை தெரிய வேண்டும் என்று ஆசை. தேக்குக்கு அது நியாயம்தான். ஆனால் நிறமில்லாத வார்னிஷ் வழியாக வெயில் நேராக மரத்துக்குள் போகிறது. மர நார்களைப் பிடித்து வைத்திருக்கும் லிக்னினைப் புற ஊதாக் கதிர் சிதைத்துவிடும். மேல்நார் உதிர்ந்ததும் வார்னிஷ்ஷுக்குப் பிடிமானம் இல்லை, தோலாகக் கழன்றுவிடும். என் கணக்கு இது: போர்டிகோ நிழலில் இருக்கும் தேக்குக் கதவுக்கு வெளிப்புறத்துக்கான பியூ கிளியர் அடிக்கலாம். மேற்கு பார்த்த, வெயில் அடிக்கும் கதவுக்கு நிறமுள்ள ஸ்டெயின் (ரேகையை மறைக்காமல் மரத்துக்கு நிறம் ஏற்றும் பூச்சு) அல்லது முழு பெயிண்ட்தான். வீட்டுக்குள் மேசைக்கு அடிக்கும் மெலமைன், பிரெஞ்சு பாலிஷ் எதுவும் வெளியில் நிற்காது.

முழு பெயிண்ட் என்றால் எனாமலைவிட வெளி மரத்துக்கான தண்ணீர் அக்ரிலிக் எனக்குப் பிடிக்கும். மழையில் மரம் ஊதும், சித்திரையில் சுருங்கும். எனாமல் வயசாக ஆக விறைத்துக் கீறல் விடும், அக்ரிலிக் கொஞ்சம் கூடவே வளைந்து கொடுக்கும். அதற்குப் பொருந்திய பிரைமரையும் சேர்த்தே வாங்குங்கள்.

கதவைக் கீலிலிருந்து கழற்றுங்கள், ஆள் ஒருவர் துணைக்கு வேண்டும். 120, பிறகு 180 எண் உப்புத்தாளால் ரேகைப் போக்கிலேயே தேய்க்கவும், குறுக்கே தேய்த்தால் கீறல் பெயிண்டுக்கு மேலும் தெரியும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்தாக உருண்டு நின்றால் பழைய பாலிஷோ எண்ணெயோ மிச்சம் இருக்கிறது, இன்னும் தேய்க்க வேண்டும். தேக்கில் இயற்கையாகவே எண்ணெய் உண்டு, தின்னர் துணியால் துடைத்து உடனே அடித்துவிடுங்கள். ஆணி ஓட்டைக்கு மரத்துக்கான பட்டி போடுங்கள், சுவர் பட்டி வெளியில் ஒரு மழை தாங்காது.

இப்போது கதவின் அடி. ரம்பம் போட்ட வெட்டுமுகம் உறிஞ்சுகுழல் கட்டு மாதிரி, தண்ணீரை மேலே இழுக்கும். வாசல் கழுவுகிற தண்ணீர் தினமும் அங்கேதான் படுகிறது. தச்சர்கள் கதவை மாட்டிய பிறகு பெயிண்டர் வருவதால், பெரும்பாலான வீடுகளில் அந்த முகம் பிறந்ததிலிருந்து பெயிண்டையே பார்த்திருக்காது. மேல், கீழ் இரண்டு வெட்டுமுகத்துக்கும் பிரைமர் குடிக்கிற வரைக்கும் கொடுங்கள், மூன்று கை வாங்கும். அதன் மேல் பெயிண்ட் இரண்டு கை.

பழைய வேலிக் கட்டைக்கும் உத்தரத்துக்கும் முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசுவார்கள், பூச்சிக்கு நல்லது. கையில் பட்டால் தோல் வெந்துவிடும், அதன் மேல் பெயிண்டும் ஒட்டாது. அதனால் இரண்டில் ஒன்றுதான். ஆளிவிதை எண்ணெய் பூசுகிறவர்கள் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியில் விரித்துக் காயப் போட்டுத்தான் குப்பைக்கு அனுப்ப வேண்டும்.

அடித்த பிறகு

மழைக்காலம் முடிந்ததும் ஒரு வேலை. போன் கேமராவைச் செல்ஃபிக்கு மாற்றி, தரையில் வைத்து, கேட்டுக்கும் கதவுக்கும் அடியில் நகர்த்தி வீடியோ எடுங்கள். பழுப்புப் புள்ளி தெரிந்தால் அந்த இடத்தை மட்டும் சுரண்டி, கழுவி, பிரைமர் தொட்டு, பெயிண்ட் தொட்டுவிடலாம், அரை மணி நேர வேலை. அதற்காக மிச்ச பெயிண்டைப் பெரிய டப்பாவிலேயே விடாதீர்கள், உள்ளே இருக்கும் காற்றில் தோல் கட்டிவிடும். சின்ன கண்ணாடி பாட்டிலில் கழுத்து வரை ஊற்றி இறுக மூடி, ஷேடு நம்பரையும் தேதியையும் எழுதி ஒட்டி வையுங்கள்.