அமெரிக்கச் சிற்றூர் ஓட்டுக் கணக்கு: புதியவர்கள் சறுக்கும் இடங்கள்

அமெரிக்கத் தேர்தல் வந்தால் கவுண்டி (மாநிலத்துக்குள் நம் மாவட்டம் போன்ற பகுதி) வாரியான முடிவுகளோடு மல்லுக்கட்டுவது என் வேலை. புதிதாகச் சேரும் பிள்ளைகள், எங்கள் தலைமுறை விழுந்த அதே குழிகளைத் தேடிப்பிடித்து விழுகிறார்கள். கூட்டல் பிழை, பெயர்ப் பிழையெல்லாம் இரண்டாம் வாசிப்பில் சிக்கிவிடும். அதை விடுங்கள்.

எதால் வகுத்தீர்கள்?

ஓட்டு சதவீதம் காண, விழுந்த ஓட்டை எதால் வகுப்பது? எனக்கு இன்றும் எரிச்சல் வருவது இதற்குத்தான். டெக்சாஸின் லவிங் கவுண்டியில், 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இருப்பவர்கள் 64 பேர். அதே ஆண்டு அதிபர் தேர்தலில் அங்கே விழுந்த ஓட்டு 66: டிரம்புக்கு 60, பைடனுக்கு 4, மிச்சம் மற்றவர்களுக்கு. ஒரு தம்பி 66-ஐ 64-ஆல் வகுத்தார். "அண்ணா, 103 சதவீதம் வருது, கள்ள ஓட்டுதானே?" என்று என்னிடம் கேட்டபோது, அந்தக் கணக்கைப் போட்ட படம் ஏற்கெனவே வாட்ஸ்அப்புக்குப் போயிருந்தது. நாங்கள் அழித்தோம். பார்த்தவர்கள் அழிக்கவில்லை.

கணக்கெடுப்பு கேட்பது, ஏப்ரல் 1 நிலவரப்படி நீங்கள் வழக்கமாகத் தங்கும் இடம் எது என்று. டெக்சாஸ் தேர்தல் சட்டம் கேட்பது, வெளியே போனாலும் திரும்பி வர நினைக்கும் வீடு எது என்று. பிழைப்புக்காக வேறு ஊரில் இருப்பவர் குடும்பப் பண்ணை முகவரியில் ஓட்டு வைத்திருக்கலாம். லவிங்கில் யார் உண்மையான உள்ளூர்க்காரர் என்ற சண்டை நீதிமன்றம் வரை போயிருக்கிறது என்பதும் நிஜம். ஆனால் அதைத் தீர்ப்பது சாட்சிகளின் வேலை. எக்செல்லுக்கு அங்கே இடமில்லை.

தலைகீழாகவும் நடக்கும். அயோவாவின் அனமோசாவில் மாநிலச் சிறை இருக்கிறது. 2005 வாக்கில் ஊரின் ஒரு வார்டில் சுமார் 1,400 பேரில் ஏறக்குறைய 1,300 பேர் கைதிகளாக இருந்தார்கள்; அவர்களுக்கு ஓட்டில்லை. 2005-இல் அந்த வார்டின் கவுன்சில் இடத்தை ஒருவர் இரண்டே ஓட்டில் பிடித்தார். அதுவும் வாக்குச்சீட்டில் பெயரை எழுதிப் போட்ட ஓட்டு. மக்கள்தொகையால் வகுத்துவிட்டு "மக்கள் ஆர்வமற்றவர்கள்" என்று எழுதினால், சிறைக்குள் இருப்பவரைச் சோம்பேறி என்று திட்டியதாகும்.

சரி, பதிவு செய்த வாக்காளர் எண்ணிக்கையால் வகுக்கலாமே என்பார்கள். வடக்கு டகோட்டாவில் 1951 முதல் வாக்காளர் பதிவே கிடையாது. பதிவு இருக்கும் இடங்களிலும் ஊரைவிட்டுப் போனவர் பெயர் பட்டியலில் தங்கியிருக்கும். 18 வயது நிரம்பிய குடிமக்களில் ஓட்டுரிமை உள்ளவர்களால் வகுப்பதே முறை. ஆனால் மிகச் சின்ன கவுண்டிகளில் அந்த மதிப்பீடே ஆட்டம் காணும். அப்போது சதவீதத்தை விட்டுவிட்டு "66 பேர் வாக்களித்தார்கள்" என்று எழுதுங்கள். யாரும் அடிக்க வரமாட்டார்கள்.

டிக்ஸ்வில் நாட்ச்

நள்ளிரவில் ஓட்டுப் போடும் நியூ ஹாம்ப்ஷயர் குக்கிராமம். 2020-இல் பைடன் 5, டிரம்ப் 0. 2024-இல் ஹாரிஸ் 3, டிரம்ப் 3. செய்தியாக ரசிக்கலாம், இத்தனை சொற்ப ஓட்டை வைத்து நாட்டின் முடிவுக்கு ஜோசியம் பார்க்க வேண்டாம்.

கிராமம் என்றாலே வெள்ளையர், குடியரசுக் கட்சி என்ற நினைப்பு

தெற்கு டகோட்டாவின் ஒக்லாலா லகோட்டா கவுண்டி பைன் ரிட்ஜ் பழங்குடி ஒதுக்கீட்டு நிலத்தில் இருக்கிறது. தேர்தலுக்குத் தேர்தல் ஜனநாயகக் கட்சிக்கே அள்ளிக் கொடுக்கும். டெக்சாஸ் எல்லையோர ஸ்டார் கவுண்டியில் பெரும்பாலோர் ஹிஸ்பானியர். அங்கே 1892-க்குப் பிறகு குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் முதன்முறையாக வென்றது 2024-இல்தான்.

கட்சிப் பதிவும் ஓட்டும் ஒன்றல்ல

கென்டக்கியின் எலியட் கவுண்டி 1869-இல் உருவானது. 2012 வரை ஒவ்வொரு அதிபர் தேர்தலிலும் ஜனநாயகக் கட்சிக்கே போட்டது. 2016-இல் டிரம்புக்குச் சுமார் 70 சதவீதம். கதை முடிந்தது என்று எழுதியவர்கள் 2019-இல் விழித்தார்கள்: ஆளுநர் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் பெஷியர் அங்கே ஜெயித்தார். கென்டக்கியில் வாக்காளராகப் பதியும்போதே கட்சியையும் குறிப்பிடலாம்; கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலில் அந்தந்தக் கட்சியில் பதிந்தவருக்கே ஓட்டு. உள்ளூர் ஷெரிஃப் (கவுண்டியின் காவல் தலைவர்) யார் என்பது அங்கேயே முடிவாகிற ஊரில், தாத்தா காலத்துப் பதிவை மாற்ற யாருக்கு அவசரம்?

பள்ளி வாரிய (உள்ளூர் அரசுப் பள்ளிகளை நடத்தும் குழு) தேர்தலை அதிபர் தேர்தலோடு ஒப்பிடுவது

வேண்டாம். முதலில் எதிர்த்து யாராவது நின்றார்களா என்று பாருங்கள்.