எஸ்தோனியாவைக் காரில் சுற்றி வருவது எப்படி: முதன்முறை செல்லும் தம்பதியருக்கான செய்முறை விளக்கம்

பால்டிக் கடலோரத்தில் இருக்கும் எஸ்தோனியாவின் பரப்பு ஏறத்தாழ 45,000 சதுர கிலோமீட்டர்; மக்கள்தொகையோ 13 லட்சத்தை ஒட்டியதுதான். நகரங்களை விட்டு வெளியே வந்துவிட்டால் சாலைகளில் நெரிசல் இராது, கார்களுக்குச் சுங்கச்சாவடியும் கிடையாது. ஆகவே, வெளிநாட்டில் முதல் தடவையாகக் கார் ஓட்டப்போகும் தம்பதியருக்கு இந்த நாட்டையே நான் முதலில் பரிந்துரைப்பேன். நானும் என் கணவரும் ஓர் ஆகஸ்டு மாதக் கடைசியில் பத்து நாட்கள் இங்கே சுற்றினோம். அந்த வழியையே படிப்படியாகக் கீழே எழுதியிருக்கிறேன்.

படி 1: பருவத்தைத் தேர்ந்தெடுங்கள்

ஜூன் முதல் செப்டம்பர் தொடக்கம் வரை செல்வது நல்லது. ஜூன் மாதத்தில் பகல் வெளிச்சம் பதினெட்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கும். டிசம்பரில் அது ஆறு மணி நேரமாகச் சுருங்கிவிடும். பனிக்கால ஓட்டம் பழக்கமில்லாதவர்களுக்கு ஏற்றதன்று.

படி 2: ஆவணங்களைத் தயார் செய்யுங்கள்

எஸ்தோனியா, பல ஐரோப்பிய நாடுகளுக்கு ஒரே விசா செல்லுபடியாகும் ஷெங்கன் பகுதியைச் சேர்ந்தது. 2011 முதல் அங்கே புழங்கும் நாணயம் யூரோ. ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள மருத்துவக் காப்பீடும் இணைக்க வேண்டும். கார் ஓட்டுவதற்கு உங்கள் அசல் ஓட்டுநர் உரிமத்தோடு, உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஓராண்டுக்குத் தரப்படும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியையும் எடுத்துச் செல்லுங்கள். இருவரும் ஓட்டக்கூடியவர்கள் என்றால் இருவர் பெயரிலும் பெற்றுவிடுங்கள். ஒருவர் களைத்தால் மற்றவர் ஓட்டலாம்.

படி 3: காரை மூன்றாம் நாள்தான் எடுங்கள்

தலைநகர் தாலினில் முதல் இரண்டு இரவுகள் தங்குங்கள். 1997-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பழைய நகரம், கோட்டை மதிலும் கல் பாவிய குறுகிய தெருக்களுமாக, நடந்து பார்க்க வேண்டிய இடம். அங்கே கார் ஒரு சுமையே. ஊரை விட்டுக் கிளம்பும் காலையில் காரை எடுத்தால் இரண்டு நாள் வாடகையும் நிறுத்தக் கட்டணமும் மிச்சம். பதிவு செய்யும்போதே தானியங்கி கியர் உள்ள கார் வேண்டும் என்று கேளுங்கள். ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்கும் காரில் வலக்கையால் கியர் மாற்றிப் பழகும் தொல்லை இராது. சாவியை வாங்கிய உடனே காரின் நான்கு பக்கங்களையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: வலப்பக்க ஓட்டத்துக்குப் பழகுங்கள்

இந்த விளக்கத்திலேயே முக்கியமான படி இதுதான் என்பதால் விரிவாகச் சொல்கிறேன். நெரிசலான சாலையில் தவறு நேர்வது அரிது, ஏனென்றால் முன்னால் போகும் காரைப் பின்பற்றினால் போதும். ஆளரவமற்ற சாலையில், பெட்ரோல் நிலையத்திலிருந்து வெளியே வந்து இடப்பக்கம் திரும்பும்போதுதான், இத்தனை ஆண்டுப் பழக்கம் நம்மை அறியாமலேயே காரை இடது ஓரத்துக்கு இழுத்துவிடும். காரை எடுத்த இரண்டாம் நாள் காலை எங்களுக்கு அதுதான் நேர்ந்தது. "என்னங்க, வலது!" என்று நான் கூவிய பிறகே அவர் வண்டியைத் திருப்பினார், நல்ல வேளையாக எதிரே எதுவும் வரவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு திருப்பத்திலும் நான் "வலது" என்று சொல்வதும், அவர் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு ஓட்டுவதும் எங்கள் வழக்கமாயிற்று. பக்கத்தில் அமர்பவர் கைப்பேசியில் மூழ்காமல் இந்த வேலையைச் செய்ய வேண்டும் என்று உறுதியாகக் கேட்டுக்கொள்கிறேன். ரவுண்டானாவில் வண்டிகள் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றும். எனவே நுழையும் முன் இடப்பக்கம் பார்க்க வேண்டும்.

பகலிலும் முகப்பு விளக்கு எரிய வேண்டும். பலகை வேறு சொல்லாதவரை ஊருக்குள் மணிக்கு 50, வெளியே 90 கிலோமீட்டர்தான் வரம்பு. அந்தி வேளையில் காட்டுச் சாலையில் வேகத்தைக் குறையுங்கள்; குதிரையை ஒத்த உயரமுள்ள மூஸ் மான்கள் சட்டென்று குறுக்கே வரக்கூடும்.

படி 5: வழியை வகுத்துக்கொள்ளுங்கள்

லாஹெமா தேசியப் பூங்காவில் இரண்டு இரவுகள், தார்த்துவில் இரண்டு, பார்னுவில் ஒன்று, சாரேமா தீவில் இரண்டு. நாளொன்றுக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டாதீர்கள். நாடு சிறியதுதானே என்று ஒரே நாளில் பாதியைச் சுற்றிவிட ஆசை வரும். அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

லாஹெமா 1971-இல் அமைக்கப்பட்டது. சோவியத் ஒன்றியத்தின் முதல் தேசியப் பூங்கா அதுவே. அங்கே விரு சதுப்பு நிலத்தின் மேல் போட்டிருக்கும் பலகைப் பாதையில் அதிகாலையில் நடந்து பாருங்கள். பலகைக்கு இருபுறமும் நீரில் ஊறிய பாசி பஞ்சுபோல் அமுங்கும். குட்டைகளின் நீர் தேயிலைச் சாயத்தைப் போலக் கறுத்திருக்கும். சத்தில்லாத மண்ணில் மெதுவாக வளர்வதால், நம் தோள் உயரமே உள்ள பைன் மரங்கள் நம்மைவிட வயதில் மூத்தவையாக இருக்கக்கூடும்.

அங்கிருந்து தார்த்துவுக்கு நெடுஞ்சாலையில் போகாமல், சுற்று வழியானாலும் பெய்ப்சி ஏரிக்கரைச் சாலையைப் பிடியுங்கள். ரஷ்யத் திருச்சபையின் சீர்திருத்தத்தை ஏற்காமல் அங்கிருந்து வந்து குடியேறிய பழைய நம்பிக்கையாளர்களின் ஊர்கள் ஏரியோரமாக நீண்டு கிடக்கின்றன. வீட்டு வாசல்களில் சடையாகப் பின்னிய வெங்காயமும் புகையில் வாட்டிய மீனும் விற்பார்கள். சில்லறைக் காசு கையில் இருக்கட்டும். நாங்கள் ஒரு சடை வாங்கி, அன்றிரவு தங்குமிடத்துச் சமையலறையில் வதக்கிச் சாப்பிட்டோம்; அந்த இனிப்பு இன்னும் நாவில் இருக்கிறது.

தார்த்து 1632-இல் தொடங்கிய பல்கலைக்கழகத்துக்குப் பெயர்பெற்ற ஊர். பார்னுவில் கடற்கரை ஒன்றே போதும்.

படி 6: காரோடு கப்பலேறுங்கள்

சாரேமாவுக்குச் செல்ல விர்ட்சு துறையிலிருந்து மூஹு தீவுக்குக் கார் ஏற்றும் கப்பல் இருக்கிறது. அரை மணி நேரப் பயணம். மூஹுவையும் சாரேமாவையும் கடல்மேல் போட்ட சாலை இணைக்கிறது. கோடையில் வார இறுதியென்றால் முன்பதிவு செய்துவிடுங்கள். தீவில் குரெஸ்ஸாரே கோட்டையையும், ஆங்லாவின் காற்றாலைகளையும், விண்கல் விழுந்ததால் உண்டாகி நீர் தேங்கி நிற்கும், 110 மீட்டர் அகலமுள்ள, 'காலி' என்ற பெயருடைய பள்ளத்தையும் தவறாமல் பாருங்கள்.

படி 7: காரை ஒப்படையுங்கள்

தாலினுக்குள் நுழையும் முன்பே பெட்ரோலை நிரப்பிவிட்டு, சாவியை வாங்கியபோது எடுத்த படங்களோடு காரை ஒப்பிட்டுப் பாருங்கள். இருக்கைக்கு அடியிலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். எங்கள் காரில் அந்த வெங்காயச் சடையின் சருகுகள் கிடந்தன, இருவருமாகப் பொறுக்கி எடுத்த பின்பே சாவியைக் கொடுத்தோம்.