கூலன்ட் நிரப்பும்போது காற்று அடைபடாமல் பார்த்துக்கொள்வது எப்படி

காரின் ரேடியேட்டர், ஹோஸ், வாட்டர் பம்ப் என எதை மாற்றினாலும் வேலையின் கடைசிக் கட்டம், இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டைப் புதிதாக ஊற்றுவதுதான். எளிதாகத் தெரிவதாலேயே பலரும் அவசரப்படுவது இந்தக் கட்டத்தில்தான். கூலன்ட் தொட்டி விளிம்புவரை நிறைந்துவிட்டதால் உள்ளேயும் நிறைந்துவிட்டது என்று கொள்ள முடியாது. இன்ஜினின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டின் மேற்பகுதியில் காற்று தங்கிவிட்டால், அந்த இடத்தில் உலோகத்தின் சூட்டை எடுத்துச் செல்லத் திரவம் இருக்காது. சூடு ஓரிடத்தில் குவிந்து ஹெட் வளையவும், அதன் அடியில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் கெடவும் அதுவே போதும். வெப்பநிலை சென்சாரின் முனையும் அந்தக் காற்றுக்குள் அகப்பட்டுவிட்டால், இன்ஜின் கொதிக்கும்போதும் டாஷ்போர்டு முள் ஒன்றும் நடக்காததுபோல் நிற்கக்கூடும்.

கவிழ்த்த பாத்திரத்தை அப்படியே நீரில் அமிழ்த்தினால் காற்று எப்படி வெளியேற வழியின்றி உள்ளே நிற்குமோ, அதேபோல் வளைந்து ஏறி இறங்கும் ஹோஸ்களிலும், டாஷ்போர்டுக்குப் பின்னால் உயரத்தில் இருக்கும், காருக்குள் சூடான காற்று தரும் சிறு ரேடியேட்டரான ஹீட்டர் கோரிலும், குளிர்ந்த நிலையில் மூடியிருந்து சூடேறியதும் திறக்கும் வால்வான தெர்மோஸ்டாட்டுக்குப் பின்புறத்திலும் காற்று நின்றுவிடுகிறது. காற்று மேல்நோக்கி மட்டுமே போகும் என்பதால், கூலன்ட் ஊற்றும் வாயை மற்ற எல்லாவற்றையும்விட உயரத்தில் வைப்பதும், காற்று வெளியேற வழி விடுவதும், அதற்குப் போதிய நேரம் கொடுப்பதுமே இந்த வேலையின் சாரம்.

இன்ஜின் முழுவதும் ஆறிய பிறகே கூலன்ட் ஊற்றும் வாயின் மூடியைத் தொட வேண்டும். பல கார்களில் மூடி சுமார் 15 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு) அழுத்தத்தைத் தாங்கி நிற்கிறது. அந்த அழுத்தத்தில், நீருடன் பாதிக்குப் பாதி கலந்த எத்திலீன் கிளைக்கால் கூலன்ட் 129 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேறும் வரை கொதிக்காது. சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்து அழுத்தத்தை விட்டுவிட்டால், அந்த நொடியே அது கொதித்து முகத்தில் பீறிடும்.

பழைய கூலன்ட்டை வடிக்கும்போது அதை ஒரு பாத்திரத்தில் பிடித்து, எத்தனை லிட்டர் என்று அளந்து வையுங்கள். பெரும்பாலோர் செய்யாமல் விடுவது இதைத்தான். ஆனால் உள்ளே காற்று இருக்கிறதா என்பதற்கு இதைவிட நேர்மையான சாட்சி இல்லை. 5 லிட்டர் வடிந்த இடத்தில் 3.5 லிட்டர்தான் திரும்பப் போயிருக்கிறது என்றால், மீதி 1.5 லிட்டர் இடத்தில் காற்று இருக்கிறது. தொட்டி எவ்வளவு நிறைந்து தெரிந்தாலும் வேலை முடியவில்லை. வடித்த கூலன்ட் இனிப்புச் சுவை கொண்ட நஞ்சு என்பதால், குழந்தைகளும் விலங்குகளும் எட்டாத இடத்தில் மூடி வைக்க வேண்டும். புதியதை வாங்கும்போது நிறத்தை நம்பக் கூடாது. காரின் கையேடு சொல்லும் வகையையே வாங்கி, கலப்பதற்குக் குழாய் நீருக்குப் பதில் டிஸ்டில்டு வாட்டரைப் பயன்படுத்த வேண்டும்.

தெர்மோஸ்டாட்டையும் மாற்றுவதாக இருந்தால், அதன் விளிம்பில் ஆடிக்கொண்டிருக்கும் சிறு ஊசியைக் கவனியுங்கள். அது ஆடும் துளை காற்று கசிந்து வெளியேறுவதற்காகவே வைத்தது. கையேடு வேறுவிதமாகச் சொல்லாவிட்டால், பொருத்தும்போது அது மேல்பக்கம் இருக்க வேண்டும். பிறகு காரின் முன்பக்கத்தைச் சரிவுப் பலகையில் ஏற்றி, பின் சக்கரங்களுக்குத் தடை வைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் திருப்பி வையுங்கள். ஹீட்டர் வழியை வால்வு அடைக்கும் கார்களில் இதனால் வழி திறக்கும். வால்வு இல்லாத கார்களிலும் பின்னால் சோதித்துப் பார்க்க உதவும்.

ஊற்றுவது மெல்லிய தாரையாக இருக்க வேண்டும். வேகமாக ஊற்றினால் உள்ளே போகும் திரவமே வெளியே வர வேண்டிய காற்றின் வழியை அடைத்துவிடும். தெர்மோஸ்டாட் உறையிலோ ஹீட்டர் ஹோஸிலோ காற்றை வெளியேற்றும் ப்ளீடர் திருகு இருந்தால், அதைத் தளர்த்திவிட்டு ஊற்றுங்கள். முதலில் சீறல் ஒலி மட்டும் கேட்கும், அடுத்து நுரை துப்பும், பிறகு குமிழி இல்லாத தாரையாக வழியத் தொடங்கும். அப்போது மூடினால் போதும். பிளாஸ்டிக் திருகுகள் எளிதில் உடைவதால், கை இறுக்கத்துக்கு மேல் சற்றே திருகினால் போதுமானது. இடையிடையே ரேடியேட்டரின் மேல் ஹோஸைக் கையால் அமுக்கி அமுக்கி விடுங்கள்; ஒவ்வொரு அமுக்கத்துக்கும் ஊற்றும் வாயில் குமிழிகள் ஏறுவதைக் காணலாம்.

ரேடியேட்டரிலேயே மூடி இருக்கும் கார்களில், அந்த வாயில் கசியாமல் பொருந்தும் உயரமான புனலை மாட்டிப் பாதியளவு கூலன்ட் நிரப்பி, காற்றோட்டமான இடத்தில் இன்ஜினை ஓடவிட வேண்டும். அழுத்தம் தாங்கும் விரிவுத் தொட்டி உள்ள சில கார்களை மூடியை மூடியே ஓடவிட வேண்டும் என்பதால், கையேட்டின் சொல்லே முடிவானது. பல இன்ஜின்களில் 82 முதல் 90 டிகிரிக்குள் தெர்மோஸ்டாட் திறக்கும். அதுவரை குளிர்ந்திருந்த ஹோஸ் திடீரென்று சூடேறுவதும், புனலின் மட்டம் சட்டென இறங்குவதும், பெரிய குமிழிகள் வெடித்து வருவதும் அதன் அடையாளங்கள். மட்டம் இறங்க இறங்க ஊற்றிக்கொண்டே, ஆக்ஸிலரேட்டரை அவ்வப்போது நிமிடத்துக்கு 2000 சுற்றுகள் வரை மெதுவாக உயர்த்தி விடுங்கள். ரேடியேட்டர் ஃபேன் எந்த நொடியும் தானாகச் சுழலும் என்பதால், கையையும் உடையையும் விலக்கியே வைக்க வேண்டும். ஃபேன் இருமுறை ஓடி நின்று, குமிழிகளும் ஓய்ந்து, ஹீட்டரும் சீரான சூட்டுக் காற்றைத் தந்தால் இன்ஜினை நிறுத்தலாம்.

ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் இன்ஜின் ஐடிலில் ஓடும்போது குளிர்ந்த காற்றும், ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் மட்டும் சூடான காற்றும் வந்தாலோ, டாஷ்போர்டுக்குப் பின்னால் தண்ணீர் கொப்பளிக்கும் ஓசை கேட்டாலோ ஹீட்டர் கோரில் இன்னும் காற்று இருக்கக்கூடும். இன்ஜினை ஆறவிட்டு மீண்டும் தொடங்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தாலும், அடுத்த நாள் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது தொட்டியின் மட்டத்தைப் பார்த்துக் குறைந்ததை நிரப்புங்கள்.

முதலில் உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி வெற்றிடமாக்கி, அந்த வெற்றிடத்தைக் கொண்டே கூலன்ட்டை இழுக்கும் கருவிகளும் உண்டு. வெற்றிடம் நிலைக்காவிட்டால் கசிவு இருப்பது ஊற்றும் முன்பே தெரிந்துவிடும் என்பது அவற்றின் கூடுதல் நன்மை. மின் பம்ப் கொண்ட கார்களிலும் ஹைபிரிட்களிலும் பம்பைத் தனியே ஓடவைக்கும் முறை கையேட்டில் இருக்கும்; அதைச் செய்யாமல் காற்று முழுவதும் வெளியேறாது.

எத்தனை முறை காற்றை எடுத்தாலும் குமிழிகள் ஓயவில்லை என்றால், ஹெட் கேஸ்கெட் வழியாக எரிந்த வாயு கூலன்ட்டுக்குள் நுழைகிறதா என்று பார்க்க வேண்டும். தொட்டியின் வாயில் வைக்கும் சோதனைக் குழாயில் நீல நிறத் திரவம் மஞ்சளாக மாறினால், அது உறுதி.