கூட்டம் கலைந்த பிறகு வேலை யார் கையில்? மலையகச் சேவைக் கழகங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜூலை பிறந்தால் ஹட்டன், பண்டாரவளை, பதுளை எங்கும் பதவியேற்பு விழாக் காலம். லயன்ஸ், ரோட்டரி இரண்டுக்கும் கழக ஆண்டு ஜூலை 1இல் தொடங்கி ஜூன் 30இல் முடிகிறது. மண்டபம் நிறையும், பொன்னாடைகள் போர்த்தப்படும், புதிய தலைவர் பன்னிரண்டு திட்டங்களை அறிவிப்பார். ஒக்டோபர் மழைக்குள் கூட்டத்துக்கு வருவோர் பாதியாகிவிடுவார்கள். அப்போது “உறுப்பினருக்கு ஆர்வமில்லை” என்று சொல்லி முடித்துவிடுவது வழக்கம். ஆர்வத்தோடு வந்தவரைக் களைக்க வைப்பது பெரும்பாலும் கூட்டம் நடக்கும் விதம்தான்.

கடைசி பஸ்ஸை மறந்து கூட்டம் வைப்பது

அழைப்பில் மாலை 6.30 என்று இருக்கும். பிரதம விருந்தினர் வந்து சேர 7.15. விளக்கேற்றல், வரவேற்புரை, அறிமுகவுரை என்று 8 மணியாகும்போது பொகவந்தலாவையிலிருந்தும் மஸ்கெலியாவிலிருந்தும் வந்தவர்கள் பையை எடுத்துக்கொண்டு எழும்பிவிடுவார்கள். பணம் பற்றிய தீர்மானங்கள் எல்லாம் அதற்குப் பிறகுதான் மேசைக்கு வரும். சொந்த வாகனம் உள்ள ஏழெட்டுப் பேர் முடிவெடுக்கிறார்கள். மற்றவர்கள் அடுத்த மாதம் அதைக் கேள்விப்படுகிறார்கள். இப்படி இரண்டு தடவை நடந்தால் மூன்றாவது கூட்டத்துக்கு அவர்கள் ஏன் வரவேண்டும்?

நிகழ்ச்சி நிரலைத் தலைகீழாக்குங்கள். முதல் 40 நிமிடத்துக்குள் சென்ற கூட்ட அறிக்கை, கணக்கு, தீர்மானங்கள் முடியட்டும். பேச்சாளரும் சிற்றுண்டியும் பிறகு. முழுக் கூட்டமும் 90 நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது. தூரத்து உறுப்பினர் அதிகமுள்ள கழகத்துக்கு ஞாயிறு காலையோ போயா நாளோ பொருந்தும்.

கோரத்தை, அதாவது தீர்மானம் செல்லுபடியாவதற்கு இருக்கவேண்டிய குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கையை, எண்ணவேண்டியது கூட்டம் தொடங்கும்போது மட்டுமல்ல, வாக்கெடுப்பு நடக்கும்போதும்தான். லயன்ஸ் கழகங்களின் மாதிரி யாப்பில், சந்தா நிலுவை இல்லாத உறுப்பினரில் பாதிக்கு மேற்பட்டோர் இருந்தால்தான் கோரம். 30 பேர் என்றால் 16. எட்டரை மணிக்கு ஒன்பது பேர் கைதூக்கிய தீர்மானத்தை யாராவது ஒருவர் ஆட்சேபித்தால் அது நிற்காது.

ரோட்டரியில் வாரந்தோறும் கூடவேண்டும் என்ற பழைய கட்டாயம் 2016இல் தளர்ந்தது. மாதத்துக்கு இரண்டு கூட்டம் போதும். ஒன்றை இணையவழியில் வைப்பதாக இருந்தால், தோட்டங்களில் இருக்கும் உறுப்பினர் வீட்டில் சிக்னல் எப்படி என்று முதலில் கேளுங்கள்.

“விரைவில் செய்வதெனத் தீர்மானிக்கப்பட்டது”

கழகங்களின் கூட்ட அறிக்கைப் புத்தகங்களில் இந்த வசனத்தைப் போல வேலையைக் கொன்றது வேறில்லை. இதைப் பாருங்கள்:

“லிந்துலைப் பகுதிப் பாடசாலை ஒன்றுக்குச் சப்பாத்து வழங்குவது குறித்து ஆராயப்பட்டது. விரைவில் செய்வதெனத் தீர்மானிக்கப்பட்டது.”

எத்தனை சோடி, எவ்வளவு பணம், யார் பொறுப்பு, எப்போது? ஒன்றும் இல்லை. அடுத்த மாதமும் இதே விடயம் அதே சொற்களில் வரும். இப்படி எழுதினால்தான் அது தீர்மானம்:

“64 பிள்ளைகளுக்குச் சப்பாத்து. சேவைக் கணக்கிலிருந்து ஆகக்கூடியது 1,60,000 ரூபாய். கால் அளவு எடுப்பது உபசெயலாளர், 12ஆம் திகதிக்குள். மூன்று கடைகளில் விலை கேட்பது பொருளாளர், 18ஆம் திகதிக்குள். முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் பெயர்.”

அறிக்கை மூன்று நாளுக்குள் உறுப்பினர் கைக்குப் போகவேண்டும். மாதம் முடியும்போது எழுதினால் எழுதுபவருக்கே நினைவிருக்காது. முழுவதையும் தட்டச்சு செய்ய நேரமில்லை என்றால் பெயர், வேலை, திகதி, தொகை ஆகியவற்றை மட்டும் அன்றிரவே வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள்.

வாட்ஸ்அப் என்றதும் இன்னொரு தவறு ஞாபகம் வருகிறது. இரவு பதினொரு மணிக்குத் தலைவர் ஒரு குரல்பதிவு போடுவார், ஆறு பேர் பெருவிரல் காட்டுவார்கள், காலையில் பணம் செலவாகியிருக்கும். அவசரத்துக்கு அப்படிச் செய்ய நேரலாம். ஆனால் அடுத்த கூட்டத்தில் அதை முறையாக முன்மொழிந்து, வழிமொழிந்து அறிக்கையில் ஏற்றவேண்டும். ஏற்றாவிட்டால் கணக்காய்வின்போது அந்தச் செலவுக்குப் பின்னால் ஒரு பெருவிரல் மட்டும்தான் நிற்கும்.

தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் சேர்ந்திருக்கும் கழகங்களில் எல்லாவற்றையும் மூன்று மொழியில் நடத்தப் போய்க் கூட்டம் இழுபடுவதுண்டு. அறிக்கை ஒரு மொழியில் இருக்கட்டும். தீர்மானத்தை மட்டும், வாக்கெடுப்புக்கு முன், மற்ற மொழியிலும் ஒருதடவை வாசியுங்கள். இது அரை நிமிட வேலை.

வராதவருக்கும் சந்தா கட்டுவது

இரண்டு அமைப்புகளிலும் சர்வதேசச் சந்தா ஆண்டுக்கு இரண்டு முறை, ஜூலையிலும் ஜனவரியிலும், அந்த நேரத்தில் பட்டியலில் இருக்கும் தலைகளை எண்ணித்தான் வருகிறது. கூட்டத்துக்கு வருவோர் 21, பட்டியலில் 28 என்று வையுங்கள். பில் 28க்குத்தான் வரும். மிச்ச ஏழு பேரின் சந்தா மற்றவர்கள் தலையில் விழும், அல்லது சேவைக்கென்று சேர்ந்த பணத்தில் கைவைக்க வேண்டி வரும். “பெயர் இருந்துவிட்டுப் போகட்டும், எண்ணிக்கை குறைந்தால் கழகங்களின் மாவட்ட அமைப்பில் என்ன நினைப்பார்கள்” என்ற கௌரவம்தான் இதற்குக் காரணம்.

மலைநாட்டு நகரங்களில் இந்தச் சிக்கல் கூடுதல். உறுப்பினர் பலர் ஆசிரியர், வங்கி உத்தியோகத்தர், தோட்ட முகாமையாளர்; இடமாற்றம் வந்தால் ஒரு மாதத்தில் போய்விடுவார்கள். அப்படிப் போகிறவரைப் பட்டியலில் தொங்கவிடாமல், போகிற ஊர்க் கழகத்துக்கு மாற்றிக் கொடுங்கள். மே மாதமும் நவம்பர் மாதமும் செயலாளர் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு தொலைபேசி அழைப்பு எடுக்கட்டும். தொடர்கிறாரா, மாறுகிறாரா, விலகுகிறாரா என்று கேட்டு, ஜூன் 30க்கும் டிசம்பர் 31க்கும் முன்பே பதிவைத் திருத்திவிட வேண்டும். பில் வந்த பிறகு திருத்துவதில் பயனில்லை.

இரண்டு பணப்பை

நிர்வாகக் கணக்கு வேறு, சேவைக் கணக்கு வேறு. சந்தா, கூட்டச் சாப்பாட்டுப் பணம், அபராதம் எல்லாம் முதலாவதில். டிக்கெட் விற்றோ நன்கொடை கேட்டோ பொதுமக்களிடம் திரட்டியது இரண்டாவதில். நிகழ்ச்சிக்கு நேரடியாகச் செலவான டிக்கெட் அச்சுக்கூலி, மண்டப வாடகை போன்றவற்றை அந்த வரவிலேயே கழிக்கலாம். பதவியேற்பு விழா இராச்சாப்பாட்டுக்கு அதில் ஒரு ரூபாய்கூட எடுக்க முடியாது. இரண்டும் ஒரே வங்கிக் கணக்கில் கிடந்தால், திருடும் எண்ணம் யாருக்கும் இல்லாமலே, சந்தா சேராத மாதங்களில் ஒன்று மற்றதைத் தின்றுவிடும்.

காசோலையில் கையொப்பமிடுவோரை மாற்றுவது ஜூலை வேலை என்று நினைப்பதும் தவறு. வங்கிக்குத் தீர்மானத்தின் பிரதி, புதியவர்களின் அடையாள அட்டை, கையொப்ப மாதிரி எல்லாம் வேண்டும், வாரக்கணக்கில் எடுக்கும். பழைய பொருளாளர் கொழும்புக்கு மாறிப் போனால் ஓகஸ்ட் வரை ஒரு காசோலையும் எழுத முடியாது. மே மாதத்திலேயே தீர்மானத்தை நிறைவேற்றிப் படிவங்களை வாங்கிவிடுங்கள். கையளிக்கும் பட்டியலில் முத்திரை, மணி, சுத்தியல், பதாகை மட்டுமல்ல, உறுப்பினர் பதிவுத் தளத்தின் கடவுச்சொல்லும் இருக்கட்டும்.

அபராதம் பற்றிச் சின்ன விடயம். லயன்ஸில் கூட்டத்தைக் கலகலப்பாக வைக்கும் பொறுப்பிலுள்ள டெயில் ட்விஸ்டர் சிரிப்புக்காக வாங்கும் அபராதத்துக்கும் விதி உண்டு. இயக்குநர் சபை வைத்த உச்சவரம்பைத் தாண்டக்கூடாது, ஒரே கூட்டத்தில் ஒருவரை இரண்டு தடவைக்கு மேல் பிடிக்கக்கூடாது. தாமதமாக வந்ததற்கென்று தோட்டத்திலிருந்து வரும் அதே ஆளை ஒவ்வொரு முறையும் பிடித்தால் சிரிப்பு எல்லோருக்கும், கசப்பு அவருக்கு.

புதியவரை மேடையிலேயே விட்டுவிடுவது

சின்னம் குத்தி, படம் எடுத்து, கை குலுக்கி முடிந்ததும் புதிய உறுப்பினரை மறந்துவிடுவார்கள். அல்லது இதற்கு நேர்மாறாக, இளையவர், கணினி தெரிந்தவர் என்று உடனே செயலாளர் பதவியைத் தலையில் கட்டுவார்கள். இரண்டும் ஆளை விரட்டும். முதல் மூன்று மாதத்துக்குள் தொடக்கமும் முடிவும் உள்ள ஒரு சின்ன வேலை கொடுங்கள்: ஒரு முகாமின் பதிவு மேசை, ஒரு பாடசாலையின் அளவெடுப்பு. வருடச் செலவு எவ்வளவு என்பதை, சந்தா, சாப்பாடு, சீருடை, மாவட்ட மாநாடு எல்லாம் சேர்த்து, சேருமுன்பே எழுத்தில் சொல்லிவிட வேண்டும். இதை மறைத்து ஆள் சேர்த்த கழகங்களில்தான் ஜனவரிப் பில்லோடு ஆட்கள் காணாமல் போகிறார்கள்.

தோட்டத்துக்குப் போகும் நாள்

வார நாளில் காலை 10 மணிக்கு மருத்துவ முகாம் என்று நகரத்தில் உட்கார்ந்து முடிவெடுப்பார்கள். அந்த நேரத்தில் பெரட்டு (காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிப்பது) முடிந்து எல்லோரும் மலையில் நிற்பார்கள். கொழுந்து நிறுவைக்கு நடுவில் இறங்கி வருகிறவருக்கு அன்றைய சம்பளம் அரைப்பேராகிவிடும். இலவச முகாமுக்காக அரை நாள் கூலியை இழக்கச் சொல்கிறோம் என்பது நமக்குத் தெரிவதேயில்லை. ஞாயிறு வையுங்கள், ஆனால் சம்பளத்தை ஒட்டிய ஞாயிறு வேண்டாம். அன்று சனம் டவுனுக்குச் சாமான் வாங்கப் போய்விடும். கோயில் திருவிழாத் திகதியையும் கேளுங்கள். முகாமையாளரின் எழுத்து அனுமதி மட்டும் போதாது. தோட்டத் தலைவர்மார், வைத்திய உத்தியோகத்தர், பிள்ளைக் காம்பரா (குழந்தைக் காப்பகம்) பொறுப்பாளர் மூவருக்கும் இரண்டு வாரம் முன்பே தெரிந்திருந்தால்தான் செய்தி தொழிலாளர் குடியிருப்பின் கடைசி லயம்வரை போகும்.

சப்பாத்து கொடுப்பதில் நடக்கும் தவறு எப்போதும் ஒன்றுதான்: வகுப்பைக் கேட்டு அளவை ஊகிப்பது. நான்காம் வகுப்பில் 30 பிள்ளைகள் இருந்தால் ஐந்து அளவுக் கால்கள் இருக்கும். பிள்ளையை ஒரு தாளில் நிற்கவைத்து, உட்கார வைத்தல்ல, இரண்டு காலையும் பென்சிலால் சுற்றி வரையுங்கள். குதியிலிருந்து நீண்ட விரல் நுனிவரை மில்லிமீட்டரில் அளந்து, பெரிய காலின் அளவோடு 10 முதல் 12 மில்லிமீட்டர் கூட்டுங்கள். பெயரும் வகுப்பும் அதே தாளில். அளவெடுத்து ஒரு மாதத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். மூன்று மாதம் இழுத்தால் கால் வளர்ந்துவிடும். பொருந்தாததை மாற்றித் தர ஒப்புக்கொள்ளும் கடையிடம் மட்டும் வாங்குங்கள், சோடிக்கு ஐம்பது ரூபாய் கூடினாலும் பரவாயில்லை.

கொப்பி விடயமும் அப்படித்தான். பாடநூலையும் சீருடைத் துணியையும் அரசாங்கமே கொடுக்கிறது. கொப்பியைப் பெற்றோர் வாங்கவேண்டும். அதிபரிடம் பட்டியல் கேட்காமல் வாங்கிய பொதியில் பத்தும் ஒற்றைக் கோடாக இருக்கும், கணிதத்துக்குச் சதுரக்கோட்டுக் கொப்பி ஒன்றுகூட இராது.

கண் முகாமில் வாசிப்புக் கண்ணாடியை மேசையில் பரப்பிவிட்டு, “போட்டுப் பார்த்து எடுங்கள்” என்பது ஆபத்து. நாற்பது தாண்டியவருக்குக் கிட்டப் பார்வைக்கு +1.00 முதல் +3.00 வரை வேண்டியிருக்கும். பெரிதாகத் தெரிகிறது என்று ஆட்கள் கூடிய பவரையே எடுப்பார்கள். அதைப் போட்டுக்கொண்டு லயத்துப் படியில் இறங்கினால் படி மங்கித் தெரியும், கால் தவறும். நடக்கும்போது கழற்றவேண்டும் என்று கொடுக்கும்போதே, ஒவ்வொருவருக்கும் சொல்லவேண்டும். சேகரித்த பழைய கண்ணாடிகளை லென்சோமீட்டரில் அளந்து பவரை எழுதி ஒட்டாமல் கொடுக்கவே கூடாது. கண்புரை உள்ளவருக்கு “ஆஸ்பத்திரிக்குப் போங்கள்” என்று துண்டு எழுதிக் கொடுத்தால் வேலை முடியாது. அவருக்கும் கூடப் போகிறவருக்கும் இரண்டு பேரின் நாட்கூலி போகிறது, பஸ் காசு வேறு. கிளினிக் நாள், கூட்டிப்போகும் உறுப்பினர் பெயர், பயணச் செலவு மூன்றும் அந்த முகாமின் வரவுசெலவிலேயே இருக்கவேண்டும். இல்லையென்றால் பத்து முகாம் வைக்காமல் ஐந்தாகக் குறையுங்கள்.

இரத்ததான முகாமுக்கு இலக்கம் வைத்து ஆள் பிடிக்காதீர்கள். வயது 18 முதல் 60, எடை 50 கிலோவுக்குக் குறையாமல், முந்தைய தானத்துக்குப் பின் நான்கு மாத இடைவெளி, கையில் அடையாள அட்டை. இதை அழைப்பிலேயே போட்டால், வரிசையில் நின்று திரும்பிப் போகிறவர்களின் மனக்கசப்பு மிச்சம்.

மழை

2014 ஒக்டோபர் 29 மீரியபெத்தை மண்சரிவுக்குப் பிறகு எங்கள் பக்கத்துக் கழகங்களுக்கு நிவாரணம் புதிதல்ல. ஆனாலும் ஒவ்வொரு முறையும் பழைய உடுப்பு மலைபோல் குவிகிறது. பாடசாலையில் தங்கவைக்கப்பட்டவர்களுக்கு முதல் இரண்டு நாளில் தேவைப்படுவது புதிய உள்ளாடை, அணையாடை, பாய், மூடியுள்ள வாளி, டோர்ச். பொருள் ஏற்றுமுன் கிராம உத்தியோகத்தரிடம் தேவைப் பட்டியல் கேளுங்கள். பாதையைப் பற்றி அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117இல் விசாரியுங்கள்.

வழமையான திட்டங்களுக்கும் மழைக் கணக்கு வேண்டும். ஹட்டன், கினிகத்தேனை, மஸ்கெலியாப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. பதுளை, பசறைப் பக்கம் டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவமழை. எல்லாக் கழகமும் ஒரே நாளில் மரம் நடுவோம், முகாம் வைப்போம் என்று மாவட்டத்திலிருந்து சுற்றறிக்கை வந்தால், மலையின் ஒரு சாய்வுக்குப் பொருந்தும் திகதி மறுசாய்வுக்குப் பொருந்தாமல் போகலாம். திகதியைப் பிரித்துக் கேளுங்கள். ஒக்டோபர், நவம்பரிலும் மார்ச், ஏப்ரலிலும் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான் வரும். அந்த மாதங்களில் வெளிவேலையைப் பகல் ஒரு மணிக்குள் முடியும்படி வையுங்கள், மாற்றுத் திகதியை அழைப்பிதழிலேயே அச்சிடுங்கள். கூடாரக்காரருக்கு முற்பணம் கொடுக்கும்போதே அந்த இரண்டாவது திகதியையும் பற்றுச்சீட்டில் எழுதி வாங்கிவிடுங்கள்.