நம் தாமான் ஓட்டத்துக்கு வரலாறு எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோலாலம்பூரில் செந்தூல் பக்கம் எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பு வட்டாரத்தில், ஆண்டுதோறும் ஒரு ஃபன் ரன் நடக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை, ஐந்து கிலோமீட்டர், ஓடி முடித்தவர்களுக்கு நாசி லெமாக் பொட்டலமும் ஒரு கப் மைலோவும். கட்டணத்தில் செலவு போக மிஞ்சுவது அக்கம்பக்கப் பள்ளிகளில் திடல்தடம் (தடகளம்) பழகும் பிள்ளைகளுக்கு. சில வருடங்களுக்கு முன் நினைவு மலர் ஒன்று போடலாம் என்று குழு முடிவெடுத்தது. "நீங்கதான் எழுதுற ஆளாச்சே, வரலாறு ஒரு நாலு பக்கம் எழுதிக் குடுத்துடுங்கண்ணே" என்றார்கள். எழுதிக் கொடுத்தேன். அச்சாகி வந்த பிறகு அந்த நாலு பக்கத்தில் எட்டுப் பிழைகள் எண்ணினார்கள். எண்ணிச் சொன்னவர்களில் பாதிப் பேர் மலரில் பெயர் விட்டுப்போனவர்கள், அது வேறு கதை.

இப்போது வேறு தாமான்களிலிருந்தும் "எங்க ஓட்டத்துக்கும் மலர் போடுறோம், எப்படி எழுதுறது?" என்று கேட்கிறார்கள். எப்படி எழுதக்கூடாது என்று சொல்லத்தான் எனக்குத் தகுதி இருக்கிறது.

என் முதல் வரியே தவறு. "கோலாலம்பூரில் முதன்முதலாக மக்களை ஒன்றுதிரட்டி ஓடவைத்த பெருமை நமக்கே" என்று ஆரம்பித்திருந்தேன். இந்த ஊரில் பரிசுக்கு இல்லாமல் கூட்டமாக ஓடும் பழக்கம் 1938-லேயே இருக்கிறது. சிலாங்கூர் கிளப்பை ஒட்டிய விடுதிக் கட்டடத்தில் தங்கிச் சாப்பிட்ட பிரிட்டிஷ்காரர்கள் சிலர், கிஸ்பெர்ட் என்ற கணக்காயரை முன்னால் வைத்துக்கொண்டு, ஹேஷ் ஹவுஸ் ஹேரியர்ஸ் என்ற குழுவைத் தொடங்கினார்கள். சாப்பாட்டு ருசியைக் கிண்டல் செய்து விடுதிக்கு வைத்த பெயர்தான் 'ஹேஷ் ஹவுஸ்'. ஒருவர் காகிதத் துண்டுகளைப் போட்டுக்கொண்டே முன்னால் ஓட, மற்றவர்கள் தடம் பிடித்துப் பின்னால் ஓடுவார்கள். முடிவில் பீர். கிஸ்பெர்ட் 1942-ல் சிங்கப்பூர்ப் போரில் இறந்துபோனார். போருக்குப் பிறகு நண்பர்கள் குழுவை மறுபடி எழுப்பினார்கள். இன்று உலகம் முழுக்க அதற்குக் கிளைகள் உண்டு.

இதைப் படித்த உற்சாகத்தில் சிலர் எதிர்த்திசையில் சறுக்குகிறார்கள். "நம் ஓட்டத்தின் தாய் ஹேஷ்தான்" என்று எழுதிவிடுகிறார்கள். அதுவும் சரியில்லை. அது காலனிக்கார ஆண்களின் கிளப். வாரக் கடைசியில் ஏறிய போதையை வியர்வையில் இறக்குவதும் அவர்களுடைய நோக்கங்களில் ஒன்று. அதில் பள்ளிப் பிள்ளைகளும் இல்லை, நிதி திரட்டலும் இல்லை. பொதுமக்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்து ஓடும் பெரிய நகர ஓட்டங்களைத் தேடினால் சான் பிரான்சிஸ்கோவில் 1912-லிருந்து ஒன்று, சிட்னியில் 1971-லிருந்து ஒன்று என்று வேறு வரிசை கிடைக்கும். எங்கள் ஓட்டம் இரண்டிலிருந்தும் பிறக்கவில்லை. பள்ளிக்கூடக் குறுக்கோட்டத்தைப் பார்த்த அப்பாமார்கள் "நாமளும் ஓடலாமே" என்று கிளம்பியதுதான் ஆரம்பம். உங்கள் ஓட்டமும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும். அதை அப்படியே எழுதுங்கள்.

அடுத்தது, புகழ்பெற்றவர்களை இழுத்துக்கொள்வது. உள்ளூர் திடல்தடத்துக்கு உதவும் ஓட்டம் என்றதும் நம் கை தானாகவே ஜெகதீசன், ராஜாமணி, சரவணன் என்று எழுத ஆரம்பித்துவிடும். எழுதலாம், பெருமைப்பட வேண்டிய பெயர்கள்தான். ஆனால் ஆண்டையும் போட்டியையும் சரிபார்த்து எழுத வேண்டும். மணி ஜெகதீசன் 1966 பேங்காக் ஆசிய விளையாட்டில் 100 மீட்டர், 200 மீட்டர், 4x100 மீட்டர் அஞ்சல் ஓட்டம் என்று மூன்று தங்கம் வென்றார். 200 மீட்டரில் அவருடைய 20.92 வினாடி அங்கே ஓடியது அல்ல. அது 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில். 2017-ல் கைருல் ஹாஃபிஸ் 20.90 ஓடும்வரை 49 வருடம் அந்தத் தேசியச் சாதனை அசையவில்லை. நான் இரண்டையும் ஒரே வாக்கியத்தில் போட்டு, மெக்சிகோ சாதனையை பேங்காக்கிற்கு அனுப்பிவிட்டேன். ராஜாமணி அதே 1966-ல் 400 மீட்டரில் ஆசியத் தங்கம் வென்று, நாட்டின் முதல் தேசிய விளையாட்டு வீராங்கனை விருதையும் பெற்றார்.

சரவணன் விஷயத்தில் எல்லாரும் ஒரே இடத்தில்தான் தவறுகிறார்கள். 1998 காமன்வெல்த் போட்டி நம் ஊரில் நடந்தபோது அவர் "மாரத்தானில் தங்கம் வாங்கினார்" என்று எத்தனையோ மலர்களில் பார்த்துவிட்டேன். அவர் வென்றது 50 கிலோமீட்டர் நெடுநடை. மாரத்தானைவிட ஏறக்குறைய எட்டு கிலோமீட்டர் கூடுதல், அதுவும் ஓடாமல், ஒரு பாதமாவது தரையைத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்ற விதியோடு. முன்னணியில் இருந்த நியூசிலாந்துக்காரர் முடிவுக்கோட்டை நெருங்கும் நேரத்தில் வெயிலில் சுருண்டு விழுந்தார். சரவணன் நடந்துகொண்டே இருந்தார். இப்படிப்பட்ட ஒரு வெற்றியை மாரத்தான் என்று எழுதுவது அவருக்குச் செய்யும் மரியாதை இல்லை. தவிர, உங்கள் ஓட்டம் தொடங்கியதே தொண்ணூறுகளில் என்றால், 1966-ல் தங்கம் வாங்கியவர்களை "நம் ஓட்டத்தின் விளைச்சல்" என்ற தலைப்பின் கீழ் போடாதீர்கள். சிரிக்காதீர்கள், நான் பார்த்திருக்கிறேன்.

தூரம், நேரம், இடம். பெரும்பாலான பிழைகள் இங்கேதான் ஒளிந்திருக்கின்றன.

எங்கள் பெரியவர் ஒருவர் "அப்பெல்லாம் மூணு கட்டை ஓடுவோம்" என்றார். நான் மூன்று கிலோமீட்டர் என்று எழுதிவிட்டேன். கட்டை என்றால் மைல். மூன்று மைல் 4.8 கிலோமீட்டர். எழுபதுகளில் நாடு மெட்ரிக் அளவுக்கு மாறத் தொடங்கியது, ஆனால் பெரியவர்களின் வாய் மாறவில்லை. நான் செய்த தவறால் அந்தக் கால வெற்றியாளர் மூன்று கிலோமீட்டரை நடந்து போனவர் மாதிரி ஆகிவிட்டார். அவர் பேரன் எங்கள் குழுவில்தான் இருக்கிறான்.

அதே போல "பாதைச் சாதனை" என்ற பட்டியல். பாதையே நாலு தடவை மாறியிருக்கும்போது எந்தப் பாதையின் சாதனை? ஒரு வருடம் சாலைப் பணியால் ஒரு திருப்பத்தை வெட்டிவிட்டோம். அந்த வருடம் எல்லாரும் 'சாதனை' படைத்தார்கள். முறையாக அளந்த பாதை என்றால் அதற்கு ஒரு வழி இருக்கிறது. சைக்கிளின் முன்சக்கரத்தில் ஜோன்ஸ் கவுண்டர் என்ற கருவியைப் பொருத்தி, எஃகு நாடாவால் அளந்த நேர்க்கோட்டில் முதலில் சரிபார்த்து, பிறகு ஓடக்கூடிய மிகக் குறுகிய கோட்டில் ஓட்டிப்போய் அளப்பார்கள். குறைந்துவிடக்கூடாது என்பதற்காக ஆயிரத்துக்கு ஒன்று கூட்டுவார்கள். அதாவது ஐந்து கிலோமீட்டர் ஓட்டம் 5,005 மீட்டராக வரையப்படும். கைக்கடிகார ஜிபிஎஸ் 5.1 காட்டுவதால் "பாதை நீளம்" என்று சண்டைக்கு வருபவர்கள் திருப்பங்களில் அகலமாகச் சுற்றி வந்தவர்களாகத்தான் பெரும்பாலும் இருப்பார்கள். உயரமான கட்டடங்களுக்கு நடுவே ஜிபிஎஸ்ஸும் கொஞ்சம் தள்ளாடும். நம்மைப் போன்ற வட்டார ஓட்டங்களில் இப்படி அளந்திருக்க வாய்ப்பு குறைவு. பரவாயில்லை, "சுமார் 5 கி.மீ." என்று போட்டுவிட்டு, சாதனை என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். வெற்றியாளர், ஆண்டு, நேரம், அந்த வருடத்துப் பாதை, இது போதும்.

நேரத்திலும் ஒரு பள்ளம் இருக்கிறது. 1982 ஜனவரி முதல் நாள் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரை மணி நேரம் முன்னால் தள்ளப்பட்டது. "அந்தக் காலத்தில் காலை 6.30-க்கே வெளிச்சத்தில் ஓடினோம், இப்போதுதான் சோம்பேறிகளாகி 7 மணிக்கு வைக்கிறார்கள்" என்று ஒருவர் கட்டுரை கொடுத்தால், அவர் 1982-க்கு முந்தைய ஓட்டத்தைப் பற்றிச் சொல்கிறாரா என்று கேளுங்கள். சூரியனைக் கேட்டால் இரண்டும் ஒரே நேரம்தான்.

சாலைப் பெயர்களும் அப்படியே. பிரிக்ஃபீல்ட்ஸ் ரோடு துன் சம்பந்தன் சாலை ஆனது. பத்து ரோடு துவாங்கு அப்துல் ரஹ்மான் சாலை ஆனது. கென்னி ஹில்ஸ் புக்கிட் துங்கு ஆனது. ஜாலான் டூத்தா 2014-ல் துவாங்கு அப்துல் ஹலிம் சாலை ஆனது. பழைய அறிக்கை ஒரு பெயர், புதிய அறிக்கை ஒரு பெயர் சொன்னால் பாதை மாறிவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். அப்புறம் எழுதுங்கள்.

எத்தனையாவது ஓட்டம் என்ற கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இருபது வருடம் ஆனால் இருபதாவது ஓட்டம் என்று அர்த்தம் இல்லை. கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு 2020 மார்ச் 18-ல் தொடங்கிய பிறகு சாலையில் யார் ஓடியது? சிலர் தனித்தனியாக ஓடி, கைப்பேசியில் படம் அனுப்பி, தபாலில் மெடல் வாங்கினார்கள். அதைத் தனியாகக் குறிப்பிடுங்கள், எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள் என்பது என் கருத்து. குழுவில் மூன்று பேருக்கு இன்னும் என்னோடு ஒத்துப்போகவில்லை. புகைமூட்ட வருடங்களையும் பாருங்கள். 2015-ல் கோலாலம்பூர் மாரத்தானே புகையால் ரத்தானது. அந்தப் பருவத்தில் உங்கள் ஓட்டம் நடந்ததா என்று பேனரை நம்பிச் சொல்லாதீர்கள். பேனர் முன்கூட்டியே அச்சடித்ததாக இருக்கும்.

பெயர்கள். இதில்தான் எனக்கு இன்னும் கூச்சம் போகவில்லை. வெற்றியாளர் பட்டியலில் "எஸ். தேவி" என்று ஒரு வருடம், "தேவி த/பெ சுப்பிரமணியம்" என்று இன்னொரு வருடம், "திருமதி குமார்" என்று மூன்றாவது வருடம். மூன்று பேர் என்று நினைத்து மூன்று வரியாகப் போட்டேன். ஒரே ஆள். (பெயரை இங்கே மாற்றியிருக்கிறேன்.) மூன்று முறை முதலாவதாக வந்தவர் மலரில் மூன்று அந்நியர்களாகிப் போனார். கல்யாணத்துக்குப் பிறகு பெண்களின் பெயர் கணவர் பெயருக்குள் மறைந்துவிடுவதால், ஆண்களைவிட பெண்களின் ஓட்டக் கணக்குத்தான் அதிகம் சிதறிப்போகிறது. அடையாள அட்டையில் உள்ள ஆங்கில எழுத்தைக் கொண்டு தமிழில் திரும்ப எழுதும்போது வேறு குழப்பம். "தவமணி"யா "தாவமணி"யா? ஒரு போன் போட்டுக் கேட்டால் தீரும் பிரச்சினை. நாங்கள் கேட்கவில்லை. ஆனால் சிறப்பு விருந்தினர்களின் பட்டங்களில் மட்டும் ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை. டத்தோவா டத்தோ ஸ்ரீயா என்று மூன்று பேர் சரிபார்த்தார்கள்.

கடைசியாக, காசு. உள்ளூர் திடல்தடத்துக்கு உதவும் ஓட்டம் என்று சொல்லிக்கொண்டு, என் நாலு பக்கத்தில் உதவியைப் பற்றி இருந்தது ஒரே வரி: "திரட்டப்பட்ட நிதி விளையாட்டு வளர்ச்சிக்குப் பயன்படுத்தப்பட்டது." இது வரலாறே இல்லை. பிறகு பொருளாளர் வீட்டு அலமாரியில் பழைய பற்றுச்சீட்டுக் கட்டைத் தேடி எடுத்தோம். நீளம் தாண்டும் குழிக்கு ஒரு லோரி மணல். ஐந்து ஜோடி ஸ்பைக்ஸ் காலணி, அதில் இரண்டு ஜோடி அளவு தவறி மாற்றப்பட்டன. தேசிய விளையாட்டரங்கம் இருக்கும் புக்கிட் ஜாலிலுக்கு ஒரு பஸ். மாநில அளவுக்குத் தேர்வான பிள்ளைகளுக்கு மூன்று நாள் சாப்பாடு. ஒரு வருடம் ஒன்றுமே இல்லை, அந்த வருடம் டீ-சட்டைச் செலவே வருமானத்தைத் தின்றுவிட்டது. அந்த வருடத்தையும் எழுத வேண்டும் என்று நான் சொன்னபோது கூட்டத்தில் கொஞ்சம் சத்தம் கிளம்பியது. எழுதினோம். சங்கம் பதிவான சங்கம் என்றால் ஆண்டுக் கணக்கு சங்கப் பதிவிலாகாவுக்குப் போயிருக்கும், அதன் நகல் செயலாளரிடம் இருக்க வேண்டும். அங்கிருந்து தொடங்குங்கள், படங்களிலிருந்து தொடங்காதீர்கள். படத்தில் எப்போதும் காசோலை மட்டும்தான் பெரிதாக இருக்கும்.

இன்னொன்று, எந்தப் பிள்ளையையும் "நம் உதவியால்தான் வென்றாள்" என்று எழுதாதீர்கள். காலணி நாம் வாங்கிக் கொடுத்திருக்கலாம். காலை ஐந்தரைக்கு எழுப்பிக் கூட்டிப் போனவர் அவள் அம்மா, திடலில் நின்றவர் வாத்தியார்.

பழைய செய்திகளைத் தேட விரும்பினால், 1924-ல் தொடங்கி 2019-ல் நின்றுபோன தமிழ் நேசன் நாளிதழின் பழைய பக்கங்களில் வட்டார விளையாட்டுச் செய்திகள் நிறைய உண்டு. ஜாலான் துன் ரசாக்கில் உள்ள தேசிய நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். மலர் அச்சானதும் அங்கே படிகளைக் கொடுத்துவிடவும் மறக்காதீர்கள், அதற்கு 1986-லிருந்து சட்டமே இருக்கிறது.

எங்கள் மலரின் மிச்சப் படிகளில் பிழைதிருத்தத் தாள் ஒட்டினோம். அந்த மூன்று முறை வென்ற அக்காவுக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுவதும் படித்தார்.

"பேரு சரி தம்பி. ஆனா ரெண்டாவது வருஷம் இருபத்திநாலு நிமிஷம் இல்ல, இருபத்திமூணு."

"ஆதாரம் இருக்காக்கா?"

"எங்க வீட்டுக்காரரு வாட்ச் புடிச்சாரு."

அந்த வரியை இன்னும் மாற்றவில்லை.