புதையல் தங்கம் மலிவாக வருகிறதா? ஏமாறுபவர்கள் செய்யும் தவறுகள்

"அஸ்திவாரம் தோண்டும்போது ஒரு பானை கிடைத்தது. உள்ளே தங்க மாலை. நகைக்கடைக்குப் போனால் போலீஸில் மாட்டிவிடுவார்கள். உங்களைப் பார்த்தால் நல்லவராகத் தெரிகிறது, பாதி விலைக்கு எடுத்துக்கொள்ளுங்கள்." தமிழ்நாட்டிலும் பக்கத்து மாநிலங்களிலும் பல ஆண்டுகளாக ஓடும் மோசடி இது. பேக்கரி, மருந்துக்கடை, மளிகைக்கடை நடத்துபவர்கள், ஓய்வு பெற்றவர்கள், சிறு ஒப்பந்ததாரர்கள் என்று கையில் கொஞ்சம் ரொக்கம் புரளும் ஆட்களைத் தேடித்தான் வருகிறார்கள்.

ஏமாந்தவரைப் பேராசைக்காரர் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனால் இவர்களில் பலர் தங்கத்தைச் சோதித்துப் பார்த்த பிறகுதான் பணம் கொடுத்திருக்கிறார்கள். சோதித்தது அசல் தங்கமாகவும் இருந்திருக்கிறது. மோசடியின் மையமே அந்தச் சோதனைதான்.

முதல் நாள் தங்கப் பேச்சே இருக்காது. ஒருவர், அல்லது கணவன் மனைவி போல இருவர், கடைக்கு வந்து சாமான் வாங்குவார்கள். ஓரிரு முறை வந்து முகம் பழகியதும் ஒரு பழைய வெள்ளிக் காசை எடுத்து நீட்டி, "இது செல்லுமா, என்ன விலை போகும்?" என்று கேட்பார்கள். ஜார்ஜ் மன்னர் தலை பொறித்த ஒரு ரூபாய்க் காசு, 11.66 கிராம், அசல் வெள்ளி. பழங்காசு கடைகளில் எவரும் வாங்கக்கூடிய பொருள்தான். அதை உங்களிடமே விட்டுவிட்டும் போவார்கள். அடுத்த வருகையில் பானைக் கதை வரும், கூடவே ஒரு குண்டுமணி மாலையும் வரும். வட மாநிலக் கூலித் தொழிலாளி, மொழி தெரியாதவர், மகள் கல்யாணம், ஊரில் ஆஸ்பத்திரிச் செலவு என்பதெல்லாம் வேஷத்தின் பகுதி. (உண்மையிலேயே கூலி வேலைக்கு வந்தவர்கள் மேல் ஊர் சந்தேகப்பட இது ஒரு காரணமாகிவிட்டது. வேஷம் போடுபவனுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை.)

மாதிரியைச் சோதித்துவிட்டு மொத்தத்தையும் நம்புவது

பணம் போகும் இடம் இதுதான். மாலையிலிருந்து இரண்டு மூன்று மணிகளை வெட்டிக் கொடுத்து, "எந்தக் கடையில் வேண்டுமானாலும் காட்டிக்கொள்ளுங்கள்" என்பார்கள். நீங்கள் பட்டறைக்கு எடுத்துப் போவீர்கள். ஆசாரி உரைகல்லில் தேய்த்து, அமிலம் விட்டுப் பார்த்து, நல்ல தங்கம் என்று சொல்வார். அவர் சொல்வது உண்மை. அந்த மணிகள் மட்டும் தங்கம். மாலையில் மீதி இருப்பது பித்தளை.

"நானே கை வைத்த மணியைத்தான் வெட்டித் தந்தார்கள்" என்று பலர் அழுத்திச் சொல்வதுண்டு. நீங்கள் காட்டிய மணியை வெட்டுவார்கள், தாளில் மடிப்பார்கள், அந்த மடிப்பில் மணி மாறிவிடும். கூட வந்தவர் அதே நொடியில் ஏதாவது கேட்டு உங்கள் பார்வையைத் திருப்புவார். மாலையின் குறிப்பிட்ட இடத்தில் அசல் மணிகளை முன்பே கோத்து வைத்து, பேச்சை அந்தப் பக்கமே நகர்த்தும் வகையும் உண்டு. இரண்டு கிராம் தங்கத்தை முதலாகப் போட்டு லட்சக்கணக்கில் எடுக்கும் வியாபாரம் என்பதால் மாதிரியில் கஞ்சத்தனம் காட்ட மாட்டார்கள்.

எனவே மாதிரி தேறியது என்பதற்கு எந்த மதிப்பும் இல்லை. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: முழு மாலையும், நீங்கள் தேர்ந்தெடுத்த கடையில், உங்கள் கண் முன்னால், பல இடங்களில் வெட்டிச் சோதிக்கப்படுமா? இதற்குச் சரி என்று சொல்லும் புதையல்காரர் கிடையாது. "கடைக்காரர் போலீஸுக்குச் சொல்லிவிடுவார்" என்ற பதில் தயாராக இருக்கும்.

தவறான சோதனையை நம்புவது

வீட்டில் செய்யும் சோதனைகள் எதைக் கண்டுபிடிக்கும், எதை விட்டுவிடும் என்று தெரியாமல் பலர் ஏமாறுகிறார்கள்.

காந்தம்: ஒட்டினால் அது தங்கமல்ல. ஒட்டாவிட்டால் எதுவும் தெரியவில்லை என்றே பொருள். பித்தளை, செம்பு, ஈயம், டங்ஸ்டன் எதுவும் கடைக்காந்தத்தில் ஒட்டாது.

உரைகல்: தேய்த்த இடத்தின் மாற்றை, அதாவது தங்கத்தின் தரத்தை, மட்டும் சொல்லும். முலாம் தடிமனாக இருந்தால் கல்லில் விழுவது முலாம்தான். அரத்தால் ஆழமாக ராவிய பிறகு, உள்ளே தெரியும் உலோகத்தைத் தேய்க்க வேண்டும். நைட்ரிக் அமிலம் பட்டதும் பச்சையாகப் பொங்கினால் அடியில் செம்போ பித்தளையோ இருக்கிறது. இதைப் பட்டறையில் செய்யச் சொல்லுங்கள், வீட்டில் வேண்டாம்.

கேரட் மீட்டர் என்று கடைகளில் சொல்லும் எக்ஸ்ரே கருவி: நல்ல கருவிதான், ஆனால் அதுவும் மேற்பரப்பில் சில மைக்ரான் ஆழத்தைத்தான் படிக்கிறது. முலாம் அதைவிடத் தடித்தால் திரையில் 22 காரட் என்றே வரும்.

அடர்த்தி: செலவில்லாத, உருப்படியான சோதனை. சமையலறைத் தராசு போதாது, 0.1 கிராம் காட்டும் தராசு வேண்டும். முதலில் நகையை எடை போடுங்கள். பிறகு ஒரு டம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்குங்கள். நகையை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் தண்ணீரில் முழுதாக மூழ்க விடுங்கள். தராசு காட்டும் கிராம்தான் நகையின் கன அளவு, மில்லிலிட்டரில். நகையின் எடையை அதால் வகுத்தால் அடர்த்தி. 40 கிராம் கெட்டி 22 காரட் நகைக்குத் தராசு சுமார் 2.3 காட்டும், பித்தளைக்கு சுமார் 4.7 காட்டும். ஏறக்குறைய இரண்டு மடங்கு வித்தியாசம் என்பதால் கெட்டிப் பித்தளை தப்பவே தப்பாது. ஆனால் இந்தச் சோதனையிலும் ஓட்டைகள் இரண்டு. குண்டுமணிகள் உள்ளே பொள்ளலாகவோ அரக்கு நிரப்பியோ இருந்தால் அசல் தங்கம்கூட அடர்த்தி குறைந்து தெரியும். டங்ஸ்டனின் அடர்த்தியோ 19.3, தங்கத்துடையதும் 19.3, அதன் மேல் முலாம் பூசினால் இந்தச் சோதனையும் தோற்கும். கட்டி, பிஸ்கட் விற்கும் கும்பல்களிடம் இந்த அபாயம் அதிகம்.

கடைசிச் சொல் உருக்கிச் சோதிப்பதுதான். பி.ஐ.எஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) அங்கீகாரம் பெற்ற ஹால்மார்க் மையங்களில் பொதுமக்களும் கட்டணம் கட்டி நகையைச் சோதித்துக்கொள்ளலாம்.

கண்ணுக்குத் தெரிவதைக் கவனிக்காமல் விடுவது

ஒரு கிலோ தங்கம் என்பது 125 பவுன். கெட்டித் தங்கமாக உருக்கினால் 52 கன சென்டிமீட்டர்தான் இருக்கும்; பக்கத்துக்கு 3.7 சென்டிமீட்டர் உள்ள சிறு கனசதுரம், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அதே ஒரு கிலோ பித்தளை இரண்டு மடங்குக்கு மேல் இடம் பிடிக்கும். "இரண்டு கிலோ கெட்டி மணி" என்று சொல்லிப் பை நிறையக் கொட்டினால் கணக்கு இடிக்கிறது.

மண்ணைப் பூசிக் கொண்டுவருவதும் வழக்கம். நல்ல தங்கம் நூற்றாண்டுக் கணக்கில் மண்ணில் கிடந்தாலும் பச்சை பிடிக்காது. கழுவினால் மஞ்சளாகவே இருக்கும். மணியின் துளையோரத்தில் பச்சையோ கறுப்போ படிந்திருந்தால் அது செம்பின் வேலை. நூறு மணியும் அச்சில் வார்த்தது போல ஒரே அளவில் இருப்பதும் யோசிக்க வேண்டியதே. கையால் செய்த பழைய மணிகள் ஒன்றுக்கொன்று சற்று மாறும்.

ரகசியத்துக்குச் சம்மதிப்பது

"வீட்டில்கூடச் சொல்லாதீர்கள்" என்ற பேச்சுக்கு நீங்கள் தலையாட்டியதும் கேள்வி கேட்கக்கூடிய அத்தனை பேரும் விலகிவிடுகிறார்கள்: மனைவி, தம்பி, தெரிந்த ஆசாரி, வங்கி மேலாளர். பிறகு அவசரம் வரும். "நாளை ஊருக்குப் போகிறோம்", "இன்னொரு சேட் கேட்கிறார்". வீட்டு நகையை அடகு வைத்துப் பணம் புரட்டுவது இந்தக் கட்டத்தில்தான். பித்தளை வாங்க அசல் தங்கத்தை அடகு வைக்கிறார்கள் என்பதே இதில் மிகவும் வயிறெரியும் விஷயம்.

புதையல் என்பது உண்மையாகவே இருந்தாலும் உங்களுக்கு விற்கும் உரிமை அவருக்கில்லை. 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை. முறையாகத் தெரிவித்தவருக்கு அந்தச் சட்டமே பங்கு தர வழி செய்கிறது என்பதைச் சொல்லிப் பாருங்கள். பேச்சு அதோடு நிற்கும்.

அவர்கள் சொன்ன இடத்துக்குப் பணத்தோடு போவது

பேருந்து நிலையம், ரயில் நிலைய வாசல், நெடுஞ்சாலை ஓரம். கூட்டத்தில் பையைப் பிரித்துப் பார்க்க முடியாது, ஆளில்லாத இடத்தில் பார்க்க விட மாட்டார்கள். பை கை மாறும் நேரத்தில் "போலீஸ்" வந்து நிற்பது இன்னொரு வகை. இரண்டு பேர் அதட்டிப் பணத்தையும் பையையும் பிடுங்கிக்கொண்டு, "கேஸ் போட்டால் நீயும் உள்ளே, ஓடிப்போ" என்பார்கள். தப்பித்தோம் என்று ஓடுபவருக்கு ஏமாந்ததே தெரியாது. உண்மையான காவலர் பொருளைப் பறிமுதல் செய்தால் சாட்சி வைத்து எழுதுவார், உங்களை நிலையத்துக்குக் கூட்டிப்போவார். அந்த இடத்திலேயே அவசர எண் 112க்கு அழையுங்கள்.

ஏமாந்த பிறகு செய்யும் தவறுகள்

கோபத்தில் போலி மாலையைத் தூக்கி எறிவதும், ஆசாரியிடம் உருக்கிப் பார்ப்பதும் முதல் தவறு. அது முக்கியச் சான்று. பை, சுற்றிய துணி, மாதிரி மணி, வெள்ளிக் காசு எல்லாவற்றையும் அப்படியே தனிக் கவரில் வையுங்கள். அதையே அடகுக்கடையில் வைத்துக் கொஞ்சமாவது மீட்கலாம் என்று நினைத்தால் அடுத்த மோசடியில் குற்றவாளி நீங்கள்.

இரண்டாவது, வெட்கப்பட்டு நாளைக் கடத்துவது. கடைகளின் சிசிடிவி பதிவுகள் சில வாரங்களில் தானாக அழிந்து புதியது பதிவாகும். அவர்கள் உங்கள் கடைக்கு வந்த நாட்கள், சந்தித்த இடங்கள் ஆகியவற்றின் பதிவைக் காக்க உடனே காவல் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள். செல்போனில் அழைப்புப் பட்டியலை அழிக்காதீர்கள். சிம் வேறு யார் பெயரிலோ இருக்கும்; ஆனாலும் அந்த எண் எந்தக் கோபுரத்தில் இருந்தது, வேறு யாரோடு பேசியது என்பதை வைத்துத்தான் விசாரணை நகரும். முன்பணத்தை யு.பி.ஐ வழியாக அனுப்பியிருந்தால் முதலில் இணைய நிதி மோசடிக்கான உதவி எண் 1930க்கு அழையுங்கள். ரொக்கத்துக்கு அது உதவாது.

மூன்றாவது, புகாரைச் சுருக்கமாக, "தங்கம் என்று பித்தளை கொடுத்துவிட்டார்கள்" என்று எழுதுவது. கொடுக்கல் வாங்கல் தகராறு, சிவில் கோர்ட்டுக்குப் போங்கள் என்று திருப்பி அனுப்ப அதுவே இடம் தரும். மோசடி வழக்கு நிற்க, ஏமாற்றும் எண்ணம் தொடக்கத்திலிருந்தே இருந்தது என்று காட்ட வேண்டும். எனவே தேதி வாரியாக எழுதுங்கள்: காசைக் காட்டியவர் யார், மணியை வெட்டியவர் யார், மடித்தவர் யார், விலை பேசியவர் யார், பையைத் தந்தவர் யார், தூரத்தில் வண்டியோடு நின்றவர் யார். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் மோசடிக்குப் பிரிவு 318(4), ஏழு ஆண்டு வரை சிறை. கூட்டுச்சதிக்குப் பிரிவு 61(2). போலி போலீஸ் வந்திருந்தால் பிரிவு 204. சதி என்று வரும்போது "நான் பையைத் தூக்கி வந்தேன், வேறெதுவும் தெரியாது" என்பவரையும் வழக்கில் சேர்க்க முடியும். ஆனால் அவர் என்ன செய்தார் என்பது உங்கள் புகாரில் இருந்தால்தான்.

"நானும் திருட்டுத்தனமாகத்தானே வாங்கப் போனேன்" என்ற பயத்தில் கதையை மாற்றி, வழிப்பறி என்று புகார் கொடுப்பவர்கள் உண்டு. சிசிடிவியும் அழைப்புப் பட்டியலும் அதை ஒரே நாளில் உடைத்துவிடும், பிறகு உண்மையைச் சொன்னாலும் எடுபடாது. கிடைத்தது பித்தளை; புதையல் என்று ஒன்று இருக்கவே இல்லை. உங்கள் ஆசை ஏமாற்றியவருக்குத் தற்காப்பு ஆகாது. நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். வங்கியில் எடுத்த சீட்டு, அடகுச் சீட்டு ஆகியவற்றைக் கூடவே வையுங்கள்.

எந்த ஊரில் ஏமாந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் தரலாம்; எல்லைக் காரணம் சொல்லி மறுக்கக் கூடாது. புகாரைப் பெற்றதற்குத் தரும் சி.எஸ்.ஆர் ரசீதோடு திரும்பாமல் முதல் தகவல் அறிக்கையைக் கேளுங்கள், அதன் நகல் இலவசம். பதிவு செய்ய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் பலனில்லை என்றால் குற்றவியல் நடுவரிடம் மனு செய்யலாம். கும்பல் பிடிபட்டுப் பணம் மீட்கப்பட்டால் அது தானாக உங்கள் கைக்கு வராது. நீதிமன்றத்தில் மனு போட்டுத்தான் பெற வேண்டும், அப்போது அந்த வங்கிச் சீட்டுகள் மறுபடி தேவைப்படும்.